வேலிக்கு அந்தப் பக்கத்துக் குதிரை

தன் குதிரையைப் புகழ்கிறவன் அதை விற்கப் பார்க்கிறான் என்பது அயர்லாந்தில் டிப்பெரரி மலையடிவாரத்துக் குதிரைக்காரர்களின் நம்பிக்கை. ப்ரீடா ஹானிகன் குதிரை பழக்க ஆரம்பித்த நாளிலிருந்து அதை மீறியதே இல்லை. அவளுடைய லாயத்தில் சிங்கம் மாதிரிக் குதிரை நின்றாலும், கேட்பவர்களிடம் "ஏதோ நாலு காலு இருக்கு" என்பாள்.

பக்கத்து லாயத்து ஃபின்டன் லாலரும் அப்படித்தான். இருவர் நிலத்துக்கும் நடுவே ஒரு முள்செடி வேலி. அந்த வேலியை ஒட்டியிருந்த மேட்டு நிலத்தின் மேல் ப்ரீடா வெகுநாளாய்க் கண் வைத்திருந்தாள். ஏலத்தன்று ஃபின்டன் முந்திக்கொண்டு அதை வாங்கிவிட்டான். அன்றோடு பேச்சு நின்றது. சாவு வீட்டில் எதிரெதிரே உட்கார்ந்தால்கூட ஆளுக்கொரு சுவரைப் பார்ப்பார்கள்.

இந்த இருவரையும் ஒரே மேசையில் உட்கார வைத்த பெருமை ஊர்ப் பாதிரியார் ஃபாதர் மாலக்கியுடையது. மாதா கோயிலின் பங்கு மண்டபத்தின் கூரை ஒழுகியது. மார்ச்சில் இங்கிலாந்தில், செல்ட்னத்தில் நடக்கும் தடை தாண்டும் மூன்று மைல் குதிரைப் பந்தயத்துக்கு அந்த ஊரிலிருந்து இரண்டு குதிரைகள் போகின்றன. எந்தக் குதிரை ஜெயிக்கும் என்று மேடையில் அலசுவோம், டிக்கெட் போட்டுக் கூரையை மாற்றுவோம் என்று ஃபாதர் கணக்குப் போட்டார். ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு வராதவர்களெல்லாம் பிப்ரவரியில் ஒரு வெள்ளிக்கிழமை மாலை மண்டபத்துக்கு வந்து, நாற்காலி போதாமல் சுவரோரம் நின்றார்கள்.

முன் வரிசையில், பணம் கொடுத்துக் குதிரைகளைப் பழக்க விட்டிருந்த சொந்தக்காரர்கள். ப்ரீடாவிடம் இருந்த ரோஸி என்ற பெண்குதிரைக்குச் சொந்தக்காரர் டூஹி, சிமென்ட் குழாய் செய்து விற்கிறவர். ஃபின்டனிடம் இருந்த கார்டினலுக்குச் சொந்தக்காரி அசம்ப்டா கில்ஹூலி. மூன்று ஊர்களில் சவ அடக்கம் நடத்தித் தரும் நிறுவனம் வைத்திருந்தாள். சிரித்தால்கூட அனுதாபம் தெரிவிப்பது போலிருக்கும்.

"முதல்ல பிரெஞ்சுக் குதிரையை எடுத்துக்குவோம். ப்ரீடா, நீ என்ன சொல்றே?" என்றார் ஃபாதர்.

"அழகு, நல்ல வளர்ப்பு. சேறா இருந்தா பறக்கும் ஃபாதர். தரை காய்ஞ்சு கெடந்துச்சுன்னா கடைசி மைல்ல சாப்பாட்டுக்கு உக்காந்துடும்."

"போன வருஷம் ஜெயிச்ச இங்கிலீஷ் குதிரை? ஃபின்டன்?"

"நல்லவன்தான். பதினோரு வயசாச்சு. அவனை நான் மதிக்கிறேன் ஃபாதர். எங்க மாமனாரையும் மதிக்கிறேன். அதுக்காக ரெண்டு பேரையும் மூணு மைல் ஓடச் சொல்ல மாட்டேன்."

மண்டபம் சிரித்தது. ஃபின்டன் கைதட்டு வாங்கியது ப்ரீடாவுக்குப் பொறுக்கவில்லை.

"சரி, இனிமே நம்ம ஊர்க் குதிரைங்க. ரோஸி எப்படி இருக்கா?"

"ரோஸியா?" ப்ரீடா பெருமூச்சு விட்டாள். "தூங்குமூஞ்சி ஃபாதர். காலையில எழுப்பவே ரெண்டு பேர் வேணும். கடைசித் தடைகிட்ட வந்தா, தாண்டலாமா வேண்டாமான்னு யாரையாவது கேக்கணும்னு நினைக்கும். நாலாவதா வந்தா நான் மெழுகுவத்தி ஏத்துவேன். ஆனா அந்தக் கார்டினல் இருக்கே! வேலிக்கு மேல தினம் பாக்கிறேன். அவன் நடந்து வந்தா, பிஷப்புதான் வர்றாரோன்னு எந்திரிச்சு நிப்பீங்க. அந்த நெஞ்சு என்ன, அந்தத் தாவு என்ன! இவனுக்கு ஈடு அயர்லாந்துலயே கிடையாது."

எதிரியின் குதிரையை ஏற்றிவிட்டால் எதிரி தலையில் பாரம் ஏறும். அதுதான் அவள் எண்ணம். ஃபின்டனும் சளைத்தவன் இல்லை.

"அந்தம்மா பெரிய மனசோட பேசுறாங்க," என்றான். "கார்டினலுக்கு மேட்டைக் கண்டா பென்ஷன் ஞாபகம் வந்துடும். மூச்சு வாங்குது, முட்டி நோகுது, பாதி நாள் புல்லு மேயத்தான் நேரம். ரோஸியைப் பாருங்க! அப்படி ஒரு குதிரை என் கைக்கு வந்திருந்தா, அழுதுகிட்டே பழக்குவேன். காத்து மாதிரி ஓடுறா. தடையை அவ தாண்டுறதில்லை ஃபாதர், தடைதான் ஒதுங்கி வழி விடுது."

கூட்டம் முடிந்து டீயும் ஹாம் சாண்ட்விச்சும் வந்தன. ப்ரீடா இரண்டாவது சாண்ட்விச்சில் இருந்தபோது அசம்ப்டா வந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். எத்தனையோ விதவைகளைப் பிடித்துப் பழகிய கை.

"என் கார்டினலைப் பத்தி இவ்வளவு அருமையா யாரும் பேசினதில்லை ப்ரீடா. அந்த மனுஷன் என் காசை வாங்கிட்டு, என் முன்னாடியே பென்ஷன்காரன்னு சொல்றான். நாளைக்குக் காலையில கார்டினல் உங்க லாயத்துக்கு வந்துடுவான்."

ப்ரீடாவின் வாயில் ஹாம் அப்படியே நின்றது. "இல்லைங்க, நான் ஒரு பேச்சுக்குத்தான்..."

"பேச்சுக்கா? பொய்யா சொன்னீங்க?"

பக்கத்தில் ஃபாதர் மாலக்கி டீ ஊற்றிக்கொண்டிருந்தார்.

"பொய்யெல்லாம் இல்லை," என்றாள் ப்ரீடா பலவீனமாக.

நிமிர்ந்து பார்த்தாள். மண்டபத்தின் மறுமூலையில் டூஹி, ஃபின்டனின் தோளில் கைபோட்டு ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். ஃபின்டனின் முகம், சாவியை உள்ளே மறந்து வைத்துக் கதவை மூடியவன் முகம் போலிருந்தது.

மறுநாள் காலை ரோஸி ஒரு வாசலை விட்டு வெளியே போனாள். கார்டினல் மற்றொரு வாசலை விட்டு வெளியே வந்தான். நடுச்சாலையில் இரண்டும் ஒன்றையொன்று பார்த்துக் கனைத்தன. கூட வந்த மனிதர்கள் ஒருவரையொருவர் பார்க்கவில்லை.

கார்டினலைப் பழக்கத் தொடங்கிய பிறகுதான் ப்ரீடாவுக்கு விளங்கியது. ஃபின்டன் மேடையில் சொன்னது அத்தனையும் பொய் இல்லை. சமதரையில் குதிரை பிரமாதமாக ஓடியது. அவள் நிலத்திலிருந்த சின்ன மேடு வந்ததும் நின்று புல்லைக் கடித்தது. தட்டிக் கொடுத்தாள், கேரட் நீட்டினாள், கெஞ்சினாள். கார்டினல் கேரட்டைத் தின்றுவிட்டு மறுபடி புல்லுக்குப் போனான்.

அதைவிடப் பெரிய வேதனை வேலிக்கு அந்தப் பக்கம் இருந்தது. ரோஸி தீனித் தொட்டியைத் தொடவே இல்லை. வேலிமேல் தலையை நீட்டி இந்தப் பக்கமே பார்த்துக்கொண்டு நின்றாள். ஒரு வாரத்தில் விலா எலும்பு தெரிந்தது. ப்ரீடா பொறுத்துப் பொறுத்துப் பார்த்தாள். கடைசியில் ஒருநாள், வீம்பாவது மண்ணாவது என்று வேலியருகே போனாள்.

"ஃபின்டன்! ரேடியோ இருக்கா உங்க லாயத்துல?"

அவன் நம்ப முடியாமல் திரும்பினான். "எதுக்கு?"

"காலையில உள்ளூர் ரேடியோவுல இறந்தவங்க பேரு படிப்பாங்கல்ல, அதைச் சத்தமா வை. அவ குட்டியா இருந்தப்போ சீக்கு வந்து என் சமையலறையிலதான் வளந்தா, அங்க காலையில ரேடியோ ஓடிக்கிட்டே இருக்கும். அதைக் கேட்டாத்தான் தின்பா."

ஃபின்டன் வாயைத் திறந்தபடி நின்றான். "அது குதிரைக்கா? தினமும் நீ என் பக்கமாத் திருப்பி வெச்சு, சாவுச் செய்தியை அலற விட்டியே... அடுத்தது நீதான்டான்னு எனக்குச் சொல்றேன்னு நினைச்சேன்!"

"உனக்காகவா? உனக்காக நான் பாட்டரி வாங்குவேனா?"

அவன் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தான். பிறகு குரலைத் தாழ்த்தினான். "கார்டினல் மேட்டுல நிக்கிறானா?"

"நிக்கிறான்."

"கொஞ்சினியா?"

"கொஞ்சினேன்."

"அதான். அவனைத் திட்டணும் ப்ரீடா. நல்லா நாறத் திட்டணும். அப்பத்தான் அவனுக்கு ரோஷம் வரும்."

இப்போது வாய் திறந்து நிற்பது ப்ரீடாவின் முறையாயிற்று. இத்தனை வருஷமாகக் காலைதோறும் வேலி தாண்டி வந்த 'கிழட்டு மூதேவி', 'குண்டுச் சோம்பேறி', 'உன்னைக் கட்டிக்கிட்டு அழறேனே' எல்லாம் தனக்கென்றே அவள் நினைத்திருந்தாள். அவற்றுக்காக அவன்மேல் எத்தனையோ முறை கல்லெறியக் கை ஓங்கியிருக்கிறாள்.

"குண்டுன்னு சொன்னது?" என்றாள் சந்தேகத்தோடு.

"குதிரையைத்தான்." சற்று யோசித்து, "பெரும்பாலும்," என்றான்.

அன்றே பாடம் தொடங்கியது. ப்ரீடா மேட்டுக்கு எதிரே நின்று, "ஏ சோம்பேறி!" என்றாள். கார்டினல் புல்லை மென்றான்.

"என்ன இது, ஞானஸ்நானமா குடுக்கிறே?" வேலிக்கு அப்பாலிருந்து ஃபின்டன் கத்தினான். "அடிவயித்துலேர்ந்து வரணும். அந்த நிலத்தை நான் ஏலத்துல எடுத்தேனே, அந்த நாளை நினைச்சுக்க!"

நினைத்துக்கொண்டாள். அப்புறம் அவள் வாயிலிருந்து வந்தது நாலு வாக்கியம். லாயத்துக் கூரையில் இருந்த காக்கைகள் எழுந்து பறந்தன. கார்டினல் காதை விறைத்தான். மேட்டின் மேல் புழுதி தெரிந்தது, குதிரை தெரியவில்லை. அந்தப் பக்கம் ஃபின்டன், ரேடியோ இல்லாததால், செய்தித்தாளை விரித்து வைத்துக்கொண்டு கரகரத்த குரலில் இறந்தவர்கள் பெயரை வாசித்தான். "எல்லாத்துலயும் அடக்கம் கில்ஹூலி அம்மாதான்," என்று இடையில் முணுமுணுத்தான். ரோஸி தொட்டியில் முகம் புதைத்துத் தின்றாள்.

செல்ட்னத்தில் அன்று நல்ல வெயில். ப்ரீடாவுக்கு ஒரு கவலைதான். கார்டினலின் ஜாக்கி, கெட்ட வார்த்தை சொல்லத் தெரியாத பக்திமான். எவ்வளவு சொல்லிக்கொடுத்தும் "போடா போக்கிரி" வரைதான் வந்தான். ஆகவே கடைசித் தடைக்குப் பக்கத்தில், மேடு தொடங்கும் இடத்துக் கம்பி வேலியில் தானே போய் நின்றாள். இறகு வைத்த ஊதாத் தொப்பியோடு அசம்ப்டாவும் உடன் வந்து நின்றாள். "என் குதிரை போகும்போது உங்க பக்கத்துல இருக்கணும் ப்ரீடா. உங்க பேச்சு அவ்வளவு இதமா இருக்கு."

பிரெஞ்சுக் குதிரை முன்னால் போனது. காய்ந்த தரை, கடைசி மைலில் அதன் தலை மெல்லத் தொங்கியது. ஃபின்டன் மதித்த இங்கிலீஷ் குதிரை கடைசிக்கு முந்தின தடைவரை தம் பிடித்து, பிறகு வழி விட்டது. வளைவில் திரும்பி முன்னே வந்தவை இரண்டுதான். உள்பக்கம் ரோஸி, வெளிப்பக்கம் கார்டினல்.

ரோஸி காதை முன்னால் நீட்டி, சமையலறை வாசலைத் தாண்டுவது போலத் தடையைத் தாண்டினாள். 'ஓடு கண்ணு' என்று கத்த ப்ரீடா வாய் எடுத்தாள். அதற்குள் கார்டினல் தடையைத் தாண்டி இறங்கி, எதிரே மேட்டைப் பார்த்தான். அவன் நடை தளர்ந்தது. மேட்டோரத்துப் பச்சைப் புல்லின் மேல் அவன் கண் போவதை ப்ரீடா பார்த்தாள். அவளையே நம்பி, அவள் பக்கத்தில் தொப்பியோடு ஒருத்தி நின்றுகொண்டிருந்தாள். சம்பளம் வாங்கியாயிற்று, வேலையைச் செய்யத்தான் வேண்டும்.

ப்ரீடா கம்பியில் ஏறி நின்று திட்டினாள். கார்டினலின் தாயைத் திட்டினாள், தகப்பனைத் திட்டினாள், அவன் வாலையும் அது முளைத்த இடத்தையும் திட்டினாள். கடைசியாக ஒரு வார்த்தை சொன்னாள். அதைக் கேட்டுப் பக்கத்தில் நின்ற ராணுவ மேஜர் ஒருவர் தொப்பியைக் கழற்றினார். மேட்டில் கார்டினல் பாய்ந்தான். கண்ணெல்லாம் ரோஸிமேல் இருக்க, வாயெல்லாம் கார்டினலைத் துரத்த, ப்ரீடா அழுதுகொண்டே கத்தினாள். ஒரு கழுத்து வித்தியாசத்தில் கார்டினல் ஜெயித்தான்.

குதிரைகள் திரும்பி வந்தபோது ப்ரீடா நேரே ரோஸியிடம் ஓடி அவள் மூக்கைக் கட்டிக்கொண்டாள். ஃபின்டன் கார்டினலின் கழுத்தில் முகம் புதைத்திருந்தான். போட்டோக்காரர்கள் குழம்பினார்கள். "ஜெயிச்ச குதிரையைப் பழக்கினது யாருங்க?" என்று ஒருவர் கேட்டார். ப்ரீடா ஃபின்டனைக் காட்டினாள். ஃபின்டன் ப்ரீடாவைக் காட்டினான்.

கோப்பையை வாங்கிய கையோடு அசம்ப்டா வந்தாள். அவள் முகம் அவளுடைய தொப்பியைப் போலவே ஊதாவாக இருந்தது.

"ஜெயிச்சதுக்கு நன்றி ப்ரீடா. ஆனா அப்படிப்பட்ட வாயிருக்கிற இடத்துல என் குதிரையை விட முடியாது. அந்த மனுஷன் அவனைக் கட்டிக்கிட்டு அழறாரு பாருங்க, அதுதான் அன்பு. ஊருக்குப் போனதும் கார்டினல் அவர்கிட்டயே போகட்டும்."

டூஹியும் ரோஸியைத் திரும்பக் கொண்டுபோகச் சொல்லிவிட்டார். ஃபின்டன் ரோஸியின் காதில் சாவுச் செய்தி படிப்பதை அவர் காலையிலேயே பார்த்துவிட்டாராம். "அந்த ஆளுக்கு மண்டையில ஏதோ கோளாறு ப்ரீடா," என்று கிசுகிசுத்தார். ப்ரீடா வருத்தத்தோடு தலையாட்டி ஆமோதித்தாள்.

அயர்லாந்துக்குத் திரும்பும் கப்பலில், கீழ்த்தளத்து லாரியில் குதிரைகள் இரண்டும் அடுத்தடுத்து நின்றன. மேலே உணவுக்கூடத்தில் ப்ரீடா உருளைக்கிழங்கு வறுவலோடு உட்கார்ந்திருந்தாள். ஃபின்டன் தன் டீயை எடுத்துக்கொண்டு வந்து, கேட்காமலே எதிரே உட்கார்ந்தான்.

"ப்ரீடா, ஒண்ணு கேக்கணும். நானும் முப்பது வருஷமா குதிரைகளைத் திட்டுறேன். கடைசியா நீ ஒண்ணு சொன்னியே, அந்த மேஜர் தொப்பியைக் கழட்டினாரே... அது என்ன வார்த்தை? கூட்டத்துல காதுல சரியா விழலை."

ப்ரீடா அக்கம்பக்கம் பார்த்தாள். மேசைமேல் குனிந்து அவன் காதில் மெதுவாகச் சொன்னாள்.

ஃபின்டன் சிரித்த சிரிப்பில் டீ கொட்டிப் பாதி வறுவல் நனைந்தது. "எங்க கத்துக்கிட்டே இதை?"

"ஏலத்தன்னைக்கு வீட்டுக்குப் போற வழியில நானா உண்டாக்கினது," என்றாள் ப்ரீடா, நனையாத வறுவலாகப் பார்த்துப் பொறுக்கியபடி.