பாஞ்சாலி துலக்கிய கம்பியடுப்பு

லாங்ஃபோர்ட் டவுனில் அலெக்சாண்டர் துரை வீட்டுப் பின்கட்டில் சனிக்கிழமை தோறும் பாஞ்சாலிக்கு வயிறு எரியும். பசியால் அல்ல. குழாயடியில் அவள் பாத்திரம் துலக்கிக்கொண்டிருப்பாள். பத்தடி தள்ளி, பாதாம் மர நிழலில், சந்திரம்மா கம்பியடுப்பைச் சுத்தம் செய்துகொண்டிருப்பாள். அவள் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து, பீடி பிடித்தபடி கோவிந்தன் பேசிக்கொண்டே இருப்பான். கோவிந்தன் அந்த வீட்டுச் சமையல்காரன். பாஞ்சாலியின் புருஷன்.

துரை ரயில்வே வொர்க்‌ஷாப்பில் போர்மேன். எண்ணெய் பீப்பாய் ஒன்றை நெடுக்காக இரண்டாய் அறுத்து, கால் வைத்து, மேலே கனத்த இரும்புக் கம்பிகளை அடுக்கி அவரே செய்த அடுப்பு அது. ஞாயிறு தவறாமல் அதில் கரி மூட்டிக் கறி சுடுவார்கள். துரை அதை பார்பிக்யூ என்பார். பின்கட்டில் யாருக்கும் அந்தப் பெயர் வாயில் நுழையவில்லை, கம்பியடுப்பு என்றே நிலைத்துவிட்டது.

மூன்று வருஷத்துக்கு முன்பு அது வந்தபோது அதைக் கழுவும் வேலை முதலில் பாஞ்சாலிக்குத்தான் வந்தது. அப்போது அவள் வயிற்றில் மூன்றாவது பிள்ளை. கருகிய கொழுப்பின் நாற்றம் மூக்கில் ஏறியதும் குடலே வெளியே வந்துவிடும்போல் குமட்டியது. இந்தச் சனியனை நான் தொடமாட்டேன் என்று தேங்காய் நாரை வீசிவிட்டுப் போனாள். துரையின் மனைவி மௌரீன் அம்மா ஈஜிபுராவிலிருந்து சந்திரம்மாவைப் பிடித்துக்கொண்டு வந்தாள். பிள்ளை பிறந்து, தவழ்ந்து, இப்போது தெருவில் ஓடுகிறது. குமட்டலும் போயே போய்விட்டது. ஆனால் அடுப்பை மட்டும் யாரும் பாஞ்சாலியிடம் திருப்பித் தரவில்லை. தானே வீசி எறிந்ததை எந்த வாயால் திரும்பக் கேட்பது?

சந்திரம்மா அழகியாக இருந்திருந்தாலாவது பாஞ்சாலி சமாளித்திருப்பாள். மினுக்குகிறாள், மயக்குகிறாள் என்று நாலு பேரிடம் சொல்லி ஆற்றிக்கொள்ளலாம். இவளோ நாற்பது தாண்டிய கைம்பெண். முகமெல்லாம் அம்மைத் தழும்பு, முன்பல் ஒன்று இல்லை. இவளிடம் என் புருஷனுக்கு அப்படி என்ன பேச்சு? அதை நினைக்க நினைக்கத்தான் அவளுக்கு நெஞ்சு காந்தியது. திரும்பிப் பார்ப்பதே கௌரவக் குறைச்சல் என்று முதுகைக் காட்டி உட்கார்ந்து, பித்தளைச் சொம்பின் மேல் கோபத்தைத் தேய்ப்பாள்.

தேய்ப்பதில் அவளை மிஞ்ச, அவள் குடியிருந்த நீலசந்திராவிலேயே ஆள் கிடையாது. அவள் புளியும் செங்கல் பொடியும் போட்டுத் துலக்கிய பாத்திரத்தில் முகம் பார்த்துப் பொட்டு வைத்துக்கொள்ளலாம். கல்யாணமாகிப் பதினைந்து வருஷத்தில் கோவிந்தன் அதைப் பற்றி வாயைத் திறந்ததில்லை. போன ஞாயிற்றுக்கிழமை காலையில் வீட்டில் தோசை தின்றுகொண்டிருந்தபோது அவன் சொன்னது என்ன தெரியுமா? சந்திரம்மா கை பட்டால் இரும்புகூடச் சொன்ன பேச்சு கேட்கிறதாம். பாஞ்சாலி தோசையைத் திருப்பினாள். அது கல்லில் கொஞ்சம்கூட ஒட்டாமல் பூப்போல எழுந்து வந்தது. அதைப் பற்றி அவன் ஒன்றும் சொல்லவில்லை. இன்னொன்று போடு என்று தட்டை நீட்டினான்.

ஈஸ்டர் வந்தது. ஞாயிறு மத்தியானம் முப்பது பேருக்கு விருந்து. சனிக்கிழமை பன்னிரண்டு மணிக்கு சந்திரம்மா அடுப்பை முடித்துவிட்டுக் கிளம்பினாள். கோவிந்தன் கறி வாங்க சிவாஜிநகர் போனான். பின்கட்டில் பாஞ்சாலியும் காக்கையும்தான்.

மூன்று வருஷத்துக்குப் பிறகு அவள் போய் அடுப்பைக் கிட்டத்தில் பார்த்தாள். கம்பிகள் கன்னங்கரேலென்று எண்ணெய்ப் பிசுக்கோடு கிடந்தன. இதுதானா அந்த மகாராணியின் சுத்தம்? பாஞ்சாலிக்குச் சிரிப்பே வந்துவிட்டது. முந்தானையை இழுத்துச் செருகினாள். வெந்நீர், சலவைச் சோடா, புளி, செங்கல் பொடி எல்லாம் வந்தன. மூன்று மணி நேரம் தேய்த்தாள். கறுப்பு, பட்டை பட்டையாக உரிந்து வந்தது. இரண்டு நகம் பிய்ந்தது. அவள் நிறுத்தவில்லை. கடைசியில் கம்பிகள் வெயிலில் கண் கூசும்படி பளபளத்தன. ஈரம் காய்வதற்குள் கோணியால் மூடிவிட்டு வீட்டுக்குப் போனாள். வழியெல்லாம் ஒத்திகைதான். நாளைக்குக் கோணியை எடுப்பான், அசந்துபோவான், யார் செய்தது என்று கேட்பான். அவள் உடனே சொல்லமாட்டாள். கொஞ்சம் காக்கவைத்து, 'நான்தான்' என்பாள்.

மறுநாள் கோவிந்தன் கோணியை எடுத்தான். கம்பிகள் முழுக்கச் செம்மண் பூசினாற்போல் துரு. அவன் முகம் போன போக்கைப் பார்த்து பாஞ்சாலிக்கு ஒத்திகை மறந்துவிட்டது. அவன் எதுவும் கேட்காமல் துருவைத் துடைத்தான், கரி மூட்டினான், கறியைப் போட்டான். போட்டது போட்டபடி ஒட்டிக்கொண்டது. திருப்பினால் பாதி கையோடு வந்தது, பாதி கம்பியிலேயே கருகியது. விருந்தாளிகள் கண்ணாடிக் கோப்பைகளோடு பாதாம் மரத்தடியில் வந்து எட்டிப் பார்த்தார்கள். துரையின் கழுத்து சிவந்தது. மௌரீன் அம்மா படியிறங்கி வந்து ஒரே கேள்விதான் கேட்டாள். இதைக் கழுவியது யார்?

அதைக் கழுவும் ஆள் அந்த வீட்டில் ஒருத்திதானே. எல்லோரும் தட்டெடுக்க வந்திருந்த சந்திரம்மாவைப் பார்த்தார்கள். அவள் அடுப்பின் மூலையில் விரலை விட்டுப் பார்த்தாள். விரலில் செங்கல் பொடி ஒட்டி வந்தது. நிமிர்ந்து பாஞ்சாலியின் பிய்ந்த நகங்களை ஒருதரம் பார்த்தாள். பிறகு தலையைக் குனிந்துகொண்டாள். நாளையிலிருந்து வரவேண்டாம் என்று மௌரீன் அம்மா சொன்னபோதும் அவள் வாயைத் திறக்கவில்லை.

பாஞ்சாலிக்கு ஒரு நிமிஷம் சந்தோஷமாகத்தான் இருந்தது, மறைப்பானேன். மூன்று வருஷமாக அவள் வேண்டிக்கொண்டது அதுதானே. ஆனால் சந்திரம்மா பழைய செருப்பை மாட்டிக்கொண்டு பக்கவாட்டுக் கேட்டைத் திறந்தபோது அந்தச் சந்தோஷம் போன இடம் தெரியவில்லை. பின்னாலேயே ஓடினாள்.

"நான்தான்னு தெரிஞ்சும் ஏன்க்கா சொல்லல?"

"சொன்னா கோவிந்தண்ணன் துரை முன்னால தலை குனிஞ்சி நிக்கணும். எனக்கு இந்த வேலைய கத்துக்குடுத்தவரு அவரு."

"இன்னா கத்துக்குடுத்தாரு?"

"வெங்காயத்த பாதியா வெட்டி, எண்ணெயில தொட்டு, கொஞ்சம் கரி மூட்டி, சூடு இருக்கச் சொல்லவே கம்பில தேய்க்கணும். புளி, சாம்பல், சோடா எதுவும் படக்கூடாது, அந்தக் கறுப்பு போனா கறி ஒட்டிக்கும். எங்க ஊட்டு பாஞ்சாலி தோசக்கல்ல இப்டித்தான் பாத்துக்குது, ஒரு தோச ஒட்டாதுன்னுவாரு." சந்திரம்மா கேட்டின் கொண்டியைப் பிடித்தபடி நின்றாள். "சனிக்கெழமைக்கு சனிக்கெழம இதே பேச்சுதான். பாஞ்சாலி கல்லு, பாஞ்சாலி கல்லு. கேட்டுக் கேட்டு பேஜாராயி, எனக்கே உன் மேல பொறாம வந்திருக்குது போ."

பாஞ்சாலி நின்ற இடத்திலேயே நின்றாள். தான் முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்த நூற்றைம்பது சனிக்கிழமைகளும் முதுகில் வந்து விழுந்தாற்போல் இருந்தது. பிறகு சந்திரம்மாவின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு உள்ளே போனாள். முப்பது விருந்தாளிகள் பார்க்க, மௌரீன் அம்மாவிடம் உள்ளதைச் சொன்னாள். எதற்காகச் செய்தாள் என்று மட்டும் சொல்லவில்லை. பசித்த கூட்டத்தை வைத்துக்கொண்டு பஞ்சாயத்து நடத்த மௌரீன் அம்மாவுக்கு நேரம் ஏது? கறியை அடுப்படிக்குக் கொண்டுபோய் வாணலியில் வறுக்கச் சொன்னாள், சந்திரம்மாவைத் தட்டெடுக்கச் சொன்னாள், பாஞ்சாலியை ஒரு முறை முறைத்துவிட்டுப் போனாள்.

விருந்தாளிகள் போன பிறகு கோவிந்தன் இரண்டு வெங்காயத்தோடு பின்கட்டுக்கு வந்தான். பாஞ்சாலி அடுப்புக்கு முன்னால் உட்கார்ந்து துருவைச் சுரண்டிக்கொண்டிருந்தாள். அவன் கோபப்படுவான் என்று காத்திருந்தாள். அவனுக்குக் கோபத்தைவிட ஆச்சரியம்தான் அதிகமாக இருந்தது.

"ஏன் பாஞ்சாலி, நம்ம ஊட்டு தோசக்கல்ல இப்டி தேய்ப்பியா நீ?"

"அது என் கல்லு," என்றாள் அவள்.

கோவிந்தன் வெங்காயத்தை வெட்டி, பெரிய பாதியை அவள் கையில் வைத்துவிட்டு, எண்ணெய் எடுத்து வர உள்ளே போனான்.