கோதண்டபாணிப் பாசி

மோகனப்ரியா எழுதிய கம்ப்யூட்டர் புரோகிராமுக்குப் பத்துப் பன்னிரண்டு பாசிகளை அடையாளம் தெரியும். வெறும் கண்ணுக்குத் தெரியாத அந்த நுண்பாசிகளை மைக்ராஸ்கோப் வழியே படமெடுத்துக் கொடுத்தால், வடிவத்தைப் பார்த்துத் தானே பெயர் சொல்லும். எம்.சி.ஏ. கடைசி வருடத்து ப்ராஜெக்ட் அது.

2005இல் திருத்தணி மலையடிவாரத்துக் குளத்துத் தண்ணீரை ஒரு பாட்டிலில் மொண்டு வந்து சோதித்தாள். சளைக்காமல் பெயர் சொல்லிக்கொண்டே வந்த புரோகிராம், ஒரு படத்தில் நின்றுவிட்டது. உருண்டையாக, உடம்பெல்லாம் முள்ளாக ஏதோ ஒன்று. 'தெரியவில்லை' என்றது திரை. கையிலிருந்த பாசிப் புத்தகங்களைப் புரட்டினாள். எதிலும் இல்லை. சந்தோஷத்தில் அவளுக்குத் தலைகால் புரியவில்லை.

அம்மையார்குப்பத்து வீட்டுக்குள் நுழைந்ததும் பவர்லூம் சத்தத்துக்கு மேலே கத்தினாள்.

"நைனா! யாருமே பார்க்காத பாசி ஒண்ணு எனக்குக் கிடைச்சிருக்கு!"

அப்பா கோதண்டபாணி தறியை நிறுத்தினார். "ஆங்? அப்ப பேரு நாமதான் வைக்கணுமா?"

"கண்டுபிடிச்சவங்கதான் வைப்பாங்க நைனா."

அவ்வளவுதான். சாயங்காலத்துக்குள் தெரு முழுக்கக் கேசரி போனது. 'கோதண்டபாணிப் பாசி' என்று பெயரையும் அவரே வைத்துவிட்டார்.

மறுநாள் தோழி வித்யாலக்ஷ்மியிடம் படத்தைக் காட்டினாள். மலைக்கோயில் மடப்பள்ளியில் சமைக்கும் குடும்பத்துப் பெண், தாவரவியல் படித்தவள். படத்தைப் பார்த்ததும் அவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது.

"ஏண்டி, குளத்தங்கரையில செம்பருத்திச் செடி இருக்கா?"

"இருக்கு. தண்ணி மேலயே சாஞ்சிகினு இருக்கு."

"அதோட மகரந்தம்டி இது!"

மோகனப்ரியா வீட்டுக்கு வந்து வாசற்படியிலேயே நின்றாள். "நைனா, அது பாசி இல்ல. செம்பருத்திப் பூவோட தூளு."

கோதண்டபாணி ஒரு கணம் விழித்தார். பிறகு தோளில் கிடந்த துண்டு நழுவி விழும்படி சிரித்தார்.

"தின்ன கேசரிய நான் திருப்பிக் கேக்கவா போறேன்? எவனாவது கேட்டா, பூவுக்கும் என் பேருதான்னு சொல்லிக்கிறேன். நீ போய் வேலையப் பாரு."

தோழிகள் இருவரும் குளத்தைச் சுற்றி வந்து செம்பருத்தி, பூவரசு, அரளி என்று கிடைத்த பூவையெல்லாம் உதறி, அந்தத் தூளைப் படமெடுத்தார்கள். பாசியிலிருந்து அவற்றை எப்படிப் பிரித்துப் பார்ப்பது என்று புரோகிராமுக்குப் பழக்கினாள் மோகனப்ரியா.

ப்ராஜெக்டைச் சோதிக்க வந்த தேர்வாளர் குறும்புக்காரர். கல்லூரி வாசலில் பறித்த பூவொன்றைக் குளத்துத் தண்ணீரில் உதறிவிட்டுக் கொடுத்தார். திரையில் பாசிகளின் பெயர்கள் ஓடின. நடுவே 'மகரந்தம்' என்று வந்தது.

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார்.

"இன்னொரு தடவை ஓட்டும்மா, பார்க்கலாம்."