வலியசார் தமிழ் பேசினார்

நாற்பத்தொரு ஆண்டுகள் வேதமாணிக்கத்தின் தூரிகைக்குள் ஊமையாக வாழ்ந்த வலியசார், ஓணம் கழிந்து ஆறாம் நாள் காலையில், அடுக்ககத்தின் ஒன்பதாம் மாடிப் பின்படிக்கட்டுச் சுவரில் வாய் திறந்தார். வாய் திறந்தவர் தமிழிலேயே பேசினார்.

"வேலையாட்களும் குப்பையும் பின்பக்க லிஃப்டில் மட்டும்."

வேதமாணிக்கம் வாக்கரை இறுகப் பிடித்துக்கொண்டு அந்தச் சுவரொட்டியை இரண்டு முறை படித்தார். மனிதரையும் கழிவையும் ஒரே மூட்டையாகக் கட்டிய கை எது? விரல் நீட்டிய வலியசார் படத்தின் அடியில் கையெழுத்து இருந்தது. அது அவருடைய கையெழுத்து.

"பாத்தீங்களா சார்? நான் பொய்யா சொன்னேன்?" என்றாள் இசக்கிசெல்வி. அவள் கையில் அந்த வீட்டின் குப்பைக் கவர் தொங்கியது. "ஒம்பது மாடியிலயும் ஒம்பது ஒட்டிருக்காவ. பின் லிஃப்டு ஓடி பன்னெண்டு நாளாச்சு. ஓடாத லிஃப்டுக்கு நோட்டீசு!"

ராதாபுரத்துப் பக்கமிருந்து திருவனந்தபுரத்துக்குப் பிழைக்க வந்தவள் இசக்கிசெல்வி. அந்த அடுக்ககத்தில் நான்கு வீடுகளில் அவளுக்கு வேலை. நாற்பத்து மூன்று வயது. இரண்டு முழங்காலிலும் வீக்கம். அன்று காலை, ஏன் இத்தனை தாமதம் என்று வேதமாணிக்கத்தின் மகள் அஜிதா கேட்டபோதுதான் அவளுக்குப் பொறுமை போயிற்று. "தாமதிக்காம பின்ன? நடந்து ஏறுன்னு உங்க அப்பாதான படம் வரைஞ்சு ஒட்டியிருக்காவ!" என்று சொல்லிவிட்டாள். நம்பாமல் எழுந்து வந்த கிழவர்தான் இப்போது சுவரின் முன்னால் நின்றிருந்தார்.

'பெரிய ஐயா' என்று பொருள்படும் அந்தக் கேலிச்சித்திர வலியசாரை அறியாத வீடு அந்த நகரில் ஒரு காலத்தில் இருந்ததில்லை. குள்ள உருவம், கீழே இருப்பவரைக் குனிந்து பார்த்துப் பார்த்தே நீண்டுபோன கழுத்து, எந்நேரமும் உயர்ந்து நிற்கும் சுட்டுவிரல். ஒரு மலையாள வார இதழில் வியாழன்தோறும் மூன்று கட்டம். முதல் கட்டத்தில் வலியசார் ஆணையிடுவார். இரண்டாம் கட்டத்தில் ஊர் பணியும். மூன்றாம் கட்டத்தில் அதே ஆணையில் அவரே சிக்கிக்கொண்டு திண்டாடுவார். அவர் வாயிலிருந்து எழும் பேச்சுக்குமிழ் மட்டும் எப்போதும் வெற்றாக இருக்கும்.

அதுவும் ஒரு பிழையிலிருந்து பிறந்த வழக்கமே. பாறசாலைக்குத் தெற்கே தமிழ்ப் பள்ளியில் படித்த வேதமாணிக்கத்துக்கு மலையாளம் நாவில் ஓடும், பேனாவில் தடுக்கும். ஆசிரியர் எழுதட்டும் என்று அவர் குமிழை விட்டுவைக்க, ஆசிரியர் மறந்துபோக, படம் அப்படியே அச்சேறியது. அடுத்த வாரம் அலுவலகத்துக்குக் கடிதங்கள் சாக்கில் வந்தன. சாலைச் சந்தையின் சுமைதூக்கும் தொழிலாளி தன் முதலாளியின் சொல்லைக் குமிழில் எழுதியிருந்தான். செயலகத்தின் கடைநிலை ஊழியன் தன் மேலதிகாரியின் சொல்லை எழுதியிருந்தான். மருமகள் ஒருத்தி மாமனாரின் சொல்லை எழுதியிருந்தாள். அன்றிலிருந்து குமிழ் வாசகருடையது. அவரவர் தலையில் ஏறி அமர்ந்தவனின் சொல்லை அவரவரே எழுதி அனுப்பி, அடுத்த வாரம் அச்சில் பார்த்து, அடக்க முடியாமல் சிரித்தார்கள். சிரிக்கக் கற்ற கூட்டம் அஞ்சுவதை மறக்கும் என்று வேதமாணிக்கம் நம்பினார். நாற்பத்தொரு ஆண்டு அந்த நம்பிக்கையைத்தான் வரைந்தார்.

தன் படைப்பு ஒருநாளாவது தன் தாய்மொழியில் பேசாதா என்ற ஏக்கமும் அவருக்கு உண்டு. அந்த ஏக்கம் இன்று நிறைவேறியிருந்தது. காரணம் எளிது: அந்தப் படிக்கட்டில் குப்பை சுமப்பவர்கள் தமிழர்கள்.

வீட்டுக்குள் திரும்பியதும் அவர் சத்தியநேசனை அழைத்தார். சத்தியநேசன் அடுக்ககச் சங்கத்தின் செயலாளர், எட்டாம் மாடிக்காரர், ஓய்வுபெற்ற வங்கி மேலாளர், ஞாயிறுதோறும் அவரோடு அதே தேவாலயத்தில் அதே வரிசையில் அமர்பவர். ஓண மலருக்கு வலியசார் படம் ஒன்று வேண்டும் என்று கேட்டு வாங்கியவரும் அவரே. பழகிய கை பழகியபடியே குமிழை வெற்றாக விட்டு, கையெழுத்திட்டுக் கொடுத்திருந்தது. சங்கம் விரும்பியபடி பயன்படுத்தலாம் என்ற தாளிலும் இன்னொரு கையெழுத்து.

"அண்ணாச்சி, இதுக்குப் போயி விசாரப்படுகதா?" சத்தியநேசனின் குரலில் சிரிப்பு வழிந்தது. "குமிழ ஆரு வேணும்னாலும் நிரப்பலாம்னு நாப்பது வருஷமா சொன்னது நீங்களாக்கும். நான் நிரப்புனேன். அம்புட்டுதான். எல்லாருக்கும் பயங்கர இஷ்டம் கேட்டியளா! வலியசார் சொன்னா ஒருத்தனும் தட்டமாட்டான்."

"அவன் கெட்டவன், சத்தியநேசா. அவனப் பாத்துச் சிரிக்கத்தான் வரைஞ்சேன்."

"சிரிச்சோமே! சாயங்காலம் நாலு மணிக்குக் கீழ ஹால்ல உங்களுக்குப் பொன்னாடை. சேனல்காரங்களும் வாராங்க. சுவரொட்டிக் காரியம் பொதுக்குழுவுல பாஸானது. நானோ நீங்களோ மாத்த முடியாது."

அஜிதா அருகில் நின்று எல்லாவற்றையும் கேட்டாள். "அப்பா, ப்ளீஸ். இன்னைக்கு ஒரு சீன் ஆக்கண்டா. நமக்கு இங்கதானே குடியிருக்கணும்? மாசத்துல ரெண்டு தடவ உங்கள ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகணும்னா அந்த செக்யூரிட்டிக்காரங்க வேணும், அந்த லிஃப்ட் வேணும்."

மகள் சொன்னதில் பொய் இல்லை, அதுதான் கொடுமை. குளியலறையில் விழுந்து இடுப்பெலும்பு முறிந்த நாளிலிருந்து முன்பக்க லிஃப்டே அவருக்குக் கால். அதன் கதவு திறக்கும் அட்டை சங்கத்தினுடையது. படம் சங்கத்தினுடையது. கையெழுத்திட்ட தாள் சங்கத்தின் கோப்பில். அவரிடம் எஞ்சியது என்ன? சன்னல் வழியே தெரியும் ஸ்ரீவராகம் தெருக்களின் ஓட்டுக் கூரைகள். பழைய சிங்கம் ஒன்றைச் சோறு போட்டு அடைத்துவைத்து, வாசலில் அதன் படத்தையே காவலுக்கு நிறுத்தினால் எப்படியோ, அப்படி இருந்தது அவர் நிலை.

மூன்றரை மணிக்குச் சலவை வேட்டி கட்டிக்கொண்டு அவர் கிளம்பினார். முன்வாசலுக்குப் போகாமல் பின்படிக்கட்டின் கதவை நோக்கி வாக்கரைத் திருப்பினார்.

"அப்பா! பிராந்து பிடிச்சிருச்சா? ஒம்பது மாடி!"

"இசக்கிசெல்வி ஏறுகா, எறங்குகா. எனக்கப் படம்தானே அவள நடக்க வச்சது? அந்தச் சுவரொட்டி கிழியாம முன் லிஃப்டுல நான் கால் வைக்கமாட்டேன்."

அஜிதா அழுகையும் கோபமுமாக லிஃப்டில் ஏறிக் கீழே ஓடினாள், செயலாளரை அழைத்துவர.

நான்காம் வீட்டின் குப்பையோடு இறங்கிக்கொண்டிருந்த இசக்கிசெல்வி, எட்டாம் மாடித் திருப்பத்தில் அவரைக் கண்டு திடுக்கிட்டாள். கவரை முழங்கையில் மாட்டிக்கொண்டு, வாக்கரை ஒரு கையிலும் அவரை மறு கையிலுமாகப் பிடித்துக்கொண்டாள். அங்கும் சுவரில் வலியசார் விரல் நீட்டினார். வேதமாணிக்கம் தாளின் ஓரத்தைப் பற்றி இழுக்கப் போனார்.

"கிழிக்காதீங்க சார்! நாளைக்கு வேற ஒட்டுவாவ. கிழிச்சது இவதான்னு என்னைய நிறுத்திருவாவ. இந்தப் படியில நாங்கதான நடக்கோம்?"

கை தானாக விலகியது. கிழித்தால் அவள் தலையில் விழும்; விட்டால் தன் பெயரில் நிற்கும். இறங்கினார்கள். ஏழாம் மாடியிலும் அதே விரல். ஆறாம் மாடியிலும் அதே கையெழுத்து. கீழிருந்து ஒலிபெருக்கி அவருடைய வாழ்க்கையை வாசிக்கத் தொடங்கியிருந்தது: எளியவரின் குரல், அதிகாரத்தின் பகைவர், சிரிப்பால் சமூகத்தைத் திருத்தியவர்.

"கேட்டியா? இவன் ஒரு நல்லவனில்லை," என்றார் மூச்சிரைக்க, சுவரைக் காட்டி. "கேரளம் முழுக்க இவனப் பாத்துச் சிரிச்சுது."

"சிரிச்சிருப்பாவ சார். உங்க புஸ்தகத்தத் தூசி தட்டயில நானும் பாத்திருக்கேன்." இசக்கிசெல்வி கவரைக் கீழே வைத்துவிட்டு முழங்காலைத் தேய்த்தாள். "ஆனா அவன் மட்டுந்தான பேசுதான்? சொமக்கவன், கூட்டுதவ, ஒருத்தர் வாயிலயும் இந்தப் பேச்சு முட்டை இல்லியே. நாங்க என்ன ஊமையா?"

வேதமாணிக்கம் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட படங்களை மனத்துக்குள் புரட்டினார். சுமப்பவன் இருந்தான், வியர்வை இருந்தது, வளைந்த முதுகு இருந்தது. வாய் இல்லை. எளியவனுக்காக எழுந்த தூரிகை எளியவனுக்கு ஒரு குமிழ்கூட வரையவில்லை! வாசகன் தன் எசமானின் சொல்லைத்தான் எழுதினான். தன் சொல்லை எழுத அவனுக்கு எங்கே இடம் விட்டார்? பேசும் உரிமையை வலியசாருக்கு எழுதிக் கொடுத்தது சத்தியநேசனா?

ஐந்தாம் மாடியில் கால்கள் கைவிட்டன. அவர் படியில் உட்கார்ந்தார். அப்போதைக்கு ஏறவும் முடியாது, இறங்கவும் முடியாது. கதவைத் திறந்துகொண்டு அஜிதாவும் சத்தியநேசனும் வந்தார்கள். அவர்களுக்குப் பின்னால் முன்பக்க லிஃப்ட், வெளிச்சத்தோடும் மின்விசிறியோடும், வாய் பிளந்து காத்திருந்தது.

"அண்ணாச்சி, நாணம் கெடுத்தாதீங்க. கீழ எல்லாரும் காத்திருக்காங்க. எழும்பி வாங்க."

"வாரேன். இவளும் இந்த லிஃப்டுல வரட்டும்."

சத்தியநேசன் குப்பைக் கவரைப் பார்த்தார், மேலே இருந்த கேமராவைப் பார்த்தார். "சாரமில்ல, போட்டும். இன்னைக்கு ஒரு நாளைக்கு நான் சம்மதிக்கேன்."

"இன்னைக்கு ஒரு நாளா? நம்ம பாட்டன்மார்கிட்டயும் மேல்சாதிக்காரங்க இப்படித்தான் பெருவழிய விட்டுட்டு ஒதுங்கி நடன்னு சொன்னாங்க. அந்தப் பாட்டனுக்கப் பேரன் இன்னைக்குப் படியில ஒட்டிருக்கான்."

செயலாளரின் முகம் சிவந்தது. அவர் லிஃப்டில் இறங்கிவிட்டார். விழா நிற்கக்கூடாது என்பதற்காகப் தந்தையின் சார்பில் பொன்னாடையை வாங்கிக்கொள்ள அஜிதாவும் போக வேண்டியதாயிற்று.

வேதமாணிக்கம் சட்டைப் பையிலிருந்து தூரிகைப் பேனாவை எடுத்தார். சுவரொட்டியின் அருகே, வெள்ளைச் சுவரில், படியேறும் ஒரு பெண்ணை வரைந்தார். வீங்கிய முழங்கால், இரு கையிலும் கவர், நிமிர்ந்த கழுத்து. அவள் வாயிலிருந்து ஒரு குமிழ். வலியசாரின் குமிழைவிடப் பெரியது.

"சொல்லு."

"எழுதினா என் வேலை போயிரும் சார்."

"எழுதுகது நானாக்கும். கையெழுத்தும் எனக்கக் கையெழுத்து. நீ சொல்லு."

அவள் குமிழின் அருகே வந்தாள். "லிஃப்டு சரியாகுத வரைக்கும் உங்க குப்பைய நீங்களே எறக்குங்க," என்றாள். சொன்ன பிறகு வாயைப் பொத்திக்கொண்டாள்.

அவர் எழுத்து மாறாமல் எழுதினார், பெரிதாகக் கையெழுத்திட்டார். கைதட்டல் கீழே எழுந்து அடங்கியது, அது பொன்னாடைக்கு. ஒன்றேகால் மணிநேரம் எடுத்தது ஒன்பதாம் மாடிக்குத் திரும்ப ஏற. ஏழாம் மாடியில் அஜிதா வந்து சேர்ந்தாள். பொன்னாடையைத் தோளில் போட்டுக்கொண்டு, தந்தையின் மறுபக்கத்தைத் தாங்கினாள்.

ஞாயிறன்று சுவருக்கு வெள்ளையடித்தார்கள். அதற்குள் படிக்கட்டில் நடக்கும் எல்லோரும் படித்துவிட்டிருந்தார்கள். திங்களன்று அடுக்ககத்தில் வீட்டு வேலை செய்யும் பதினொரு பெண்களும் வேலைக்கு வந்தார்கள், கூட்டினார்கள், துடைத்தார்கள், குப்பையை மட்டும் கட்டி அந்தந்த வீட்டு வாசலில் வைத்துவிட்டுப் போனார்கள். யாரை நிறுத்துவது? கையெழுத்து ஒன்றுதான் இருந்தது. அதன் சொந்தக்காரர் வேலையாள் இல்லை. முன்பக்க லிஃப்டில் குப்பை ஏறக்கூடாது என்பது பொதுக்குழு இயற்றிய சட்டம். சங்கத்தில் எவருக்கும் அதை மீறும் துணிவு இல்லை.

புதன் ஆஸ்பத்திரிக்குப் போகும் நாள். வேதமாணிக்கம் போகவில்லை. சன்னலருகே வாக்கரோடு உட்கார்ந்திருந்தார்.

இசக்கிசெல்வி மூச்சு வாங்க உள்ளே வந்தாள்.

"சுவரொட்டி எல்லாம் எடுத்துட்டாவ சார். எட்டாம் மாடிப் படியில சத்தியநேசன் சார் நிக்காவ, கையில ரெண்டு கவரோட. 'தள்ளும்மா'ன்னாவ. தள்ளி நின்னேன்."

கிழவர் சிரிப்பார் என்று அவள் எதிர்பார்த்தாள்.

"லிஃப்டு ஓடுகா?"

"இல்ல சார். முன் லிஃப்டுல எங்கள ஏத்தவும் இல்ல, இப்பவும் படிதான்."

"அப்ப நானும் எறங்கல்ல," என்றார் வேதமாணிக்கம்.