பெல்ட் கழன்றது என்று வைத்துக்கொள்வோம்

1

இந்தக் கதை ஒரு பொய்யிலிருந்து பிறந்தது. என் தங்கை சொன்ன பொய். (எழுதி முடிப்பதற்குள் நானும் ஒன்று சேர்த்துவிட்டேன். அதைப் பிறகு சொல்கிறேன். இப்போதே சொன்னால் மேற்கொண்டு என்னை நம்பமாட்டீர்கள்.)

தங்கை ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுப்பவள். நான் மாடிப்படியில் சறுக்கிக் கணுக்காலை உடைத்துக்கொண்டபோது படம் எடுத்ததும் அவள்தான். "ரெண்டு இடத்துல போயிருக்கு. நீ எதையும் அரைகுறையா செய்யமாட்டியே," என்றாள். ஆறு வாரம் மாவுக்கட்டு. என் நாயை மாலையில் நடக்கக் கூட்டிப்போகும் வேலை அவள் தலையில் விழுந்தது. நாயின் பெயர் மேனேஜர். யார் வந்தாலும் செருப்பிலிருந்து பை வரை மோந்து பார்த்துத் தணிக்கை முடிந்த பிறகே உள்ளே விடும். முழங்கால் உயரம்கூட இல்லை, அதிகாரம் மட்டும் அவ்வளவு.

2

அன்று மாலை வானம் செந்நிறமாக

வேண்டாம். இந்தக் கதையில் வானத்துக்கு வேலை இல்லை.

சிறு வயதிலிருந்தே பயந்த சுபாவம் கொண்ட அவள்

இதுவும் வேண்டாம். விபத்தில் நொறுங்கி வருபவர்களைத் தொட்டுத் திருப்பிப் படம் எடுப்பவள் அவள். பயந்தாங்கொள்ளி என்று எழுதிவிட்டால் எல்லாவற்றுக்கும் விளக்கம் கிடைத்துவிடும், எனக்கும் வேலை மிச்சம். அதனாலேயே அந்த வாக்கியத்தின் மேல் எனக்குச் சந்தேகம்.

நடந்தது இதுதான். சைக்கிள் கடை மூலையில், மாதக்கணக்கில் ஓடாமல் நின்றிருந்த லாரிக்கு அடியிலிருந்து ஒரு செவலை நாய் வெளியே வந்தது. குரைக்கவில்லை, உறுமவில்லை. மேனேஜர் வழக்கம்போல அதையும் தணிக்கை செய்ய மூக்கை நீட்டியது. அடுத்த நொடி மேனேஜரின் கழுத்து செவலையின் வாயில் இருந்தது. அத்தனை சின்ன உடம்பிலிருந்து அப்படி ஒரு சத்தம் வரும் என்று தங்கைக்கு அதுவரை தெரியாது. சைக்கிள் கடைக்காரர் ஓடிவந்து, காற்றடிக்கும் பம்ப்பால் செவலையின் முதுகில் நாலு போடு போட்ட பிறகுதான் அது வாயைத் திறந்தது.

தன் ஆஸ்பத்திரிக் கோட்டில் நாயைச் சுற்றி எடுத்துக்கொண்டு கால்நடை மருத்துவரிடம் ஓடினாள். பதினேழு தையல், ஊசிகள். வீட்டுக்கு வந்தவள் நான் கேட்பதற்கு முன்பே சொன்னாள்:

"கழுத்து பெல்ட் கழண்டுடுச்சுண்ணா. அதான் பிடிக்க முடியல."

3

நாலாம் நாள் சைக்கிள் கடைக்காரர் நாயைப் பார்க்க வந்தார். நல்ல மனிதர். பேச்சோடு பேச்சாகச் சொன்னார்:

"பாவம் உங்க தங்கச்சி. கயித்தை விட்டுட்டு ஓடிவந்து என் மேஜை மேல ஏறிட்டாங்க. இறக்குறதுக்குள்ள போதும் போதும்னு ஆயிடுச்சு."

அவருக்கு அது சாதாரண விஷயம். யாராக இருந்தாலும் ஏறத்தான் செய்வார்கள் என்றும் சொன்னார். எனக்கு அப்படி இல்லை. இரண்டு நாள் என் தங்கையை வெறுத்தேன். [இந்த வாக்கியத்தை மூன்று முறை அடித்தேன். நான்கு முறை எழுதியிருக்கிறேன்.]

அவளிடம் மட்டும் எதுவும் கேட்கவில்லை. பெல்ட் கழன்றது என்றே இருவரும் வைத்துக்கொண்டோம்.

4

தினமும் வேலை முடிந்து நேராக இங்கே வந்து காயத்துக்கு மருந்து போட்டாள். நாய் அவளைக் கண்டதும் முகத்தைத் திருப்பிக்கொண்டதாக முதலில் எழுதியிருந்தேன். வாசிக்க நன்றாக இருந்தது. ஆனால் நடந்தது வேறு. மேனேஜர் அவள் மணிக்கட்டில் தாடையை வைத்துத் தூங்கிப்போகும். அவள் கையை எடுக்கமாட்டாள். கால் மரத்து, முகம் கோணி, அப்படியே உட்கார்ந்திருப்பாள். அது கோபித்துக்கொண்டிருந்தால் அவளுக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும் என்று நினைக்கிறேன்.

ஒருநாள் ஆஸ்பத்திரியில் நடந்ததைச் சிரித்துக்கொண்டே சொன்னாள். நெஞ்சு எக்ஸ்ரேவுக்கு ஒரு பெரியவரிடம் மூச்சை இழுத்துப் பிடிக்கச் சொல்லியிருக்கிறாள். படமும் எடுத்துவிட்டாள். விடச் சொல்ல மறந்துவிட்டாள். அவர் முகம் சிவந்து, கடைசியில் கையைத் தூக்கி, விடலாமா என்று சைகையில் கேட்டிருக்கிறார். நானும் சிரித்தேன். இருவரும் ஒரே நேரத்தில் சிரிப்பை நிறுத்தவில்லை. அவள் முதலில் நிறுத்தினாள்.*

* இது கதைக்குப் பொருந்த நான் இட்டுக்கட்டியது அல்ல. இட்டுக்கட்டியது அடுத்த வரியில் வருகிறது.

"கயித்தை விட்டதுதான் நல்லதாப் போச்சு, பிடிச்சிருந்தா கழுத்து கிழிஞ்சிருக்கும்" என்று கால்நடை மருத்துவரைச் சொல்லவைத்திருந்தேன். தங்கைக்கு மன்னிப்பு, எனக்கு நிம்மதி, கதைக்கு முடிவு, மூன்றும் ஒரே வசனத்தில். ஆனால் நான் போன் போட்டுக் கேட்டபோது அவர் சொன்னது: பிடித்திருந்தாலும் கடித்திருக்கும், விட்டாலும் கடித்திருக்கும், தெரியாதுங்க. அவருக்கு அடுத்த நோயாளி காத்திருந்தது.

5

என் பொய்.

மாவுக்கட்டு பிரித்த மறுநாள் ஊன்றுகோலோடு அந்த மூலைக்குப் போனேன். செவலையை ஒரு கை பார்த்துவிடுவது என்று கிளம்பினேன். லாரிக்கு அடியில்தான் படுத்திருந்தது. என்னைப் பார்த்து எழுந்தது, அவ்வளவுதான். ஓரடி முன்னே வரவில்லை. நான் சாலையைக் கடந்து எதிர்ப்பக்கம் போய்விட்டேன். எப்படிக் கடந்தேன் என்று நினைவில்லை. ஒரு வண்டிக்காரர் திட்டியது மட்டும் நினைவிருக்கிறது. கையில் ஊன்றுகோல் இருந்தது. காப்பாற்ற வேண்டிய நாயும் கூட இல்லை.

அன்று மருந்து போட வந்த தங்கையிடம் சொன்னேன்: "மூலைக்குப் போய்ப் பார்த்துட்டேன். அந்த நாயைக் காணோம். பிடிச்சிட்டுப் போயிட்டாங்க போல."

அவள் முகம் தெளிந்ததைப் பார்த்தேன். திருத்திச் சொல்ல மனம் வரவில்லை.

6

இன்று மாலை வந்தவள் ஆணியில் தொங்கிய கயிற்றை அவளாகவே எடுத்தாள். மேனேஜருக்குத் தலைகால் புரியவில்லை. நானும் வருகிறேன் என்றேன். "வேணாம்ணா. நீ வந்தா உன்னையும் சேர்த்து நான் பாத்துக்கணும்," என்றாள்.

ஜன்னலிலிருந்து பார்த்தேன். வாசலில் ஒரு நொடி நின்றாள். கயிற்றைக் கையில் இரண்டு சுற்றுச் சுற்றிக்கொண்டாள். இடப்பக்கம் திரும்பினாள். சைக்கிள் கடைப் பக்கம்.

கூப்பிட வாயைத் திறந்தேன். கூப்பிட்டால் ஏன் என்று கேட்பாள். சொன்னால் சாலையைக் கடந்ததையும் சொல்ல வேண்டும். அதற்குள் அவள் தெரு முனையைத் தாண்டிவிட்டாள்.

அவர்கள் போய் இருபது நிமிடம் ஆகிறது. உட்கார்ந்து முடிவுகள் எழுதிக்கொண்டிருக்கிறேன்.

(அ) செவலை உண்மையிலேயே அங்கே இல்லை. என் பொய் தானாக மெய்யாகிவிடுகிறது.

(ஆ) செவலை வருகிறது. அவள் மறுபடியும்

(இ) செவலை வருகிறது. கயிறு கையில் சுற்றியிருப்பதால் இந்த முறை அவளால் விட முடியாது, அதனால் அவளையும்

எழுத முடியவில்லை. ஊன்றுகோலைத் தேடுகிறேன்.

7

செருப்பில் பாதிக் கால் நுழைத்தபோது வாசல் கதவு திறந்தது. மேனேஜர் தன் நாலு காலில் நடந்து வந்து என் செருப்பை மோந்து பார்த்தது. தங்கை சுவரில் சாய்ந்து நின்றாள். கயிறு இறுக்கிய விரல்கள் வெளுத்திருந்தன.

"அது அங்கதாண்ணா இருக்கு," என்றாள்.

லாரிக்கு அடியிலிருந்து எழுந்து வந்ததாம். மேனேஜர் அவள் கால்களுக்கு நடுவே புகுந்துகொண்டதாம். அவள் அதை வாரித் தோளில் போட்டுக்கொண்டு நின்றாளாம். தைரியமெல்லாம் இல்லை, கால் நகரவில்லை என்றாள். கடைக்காரர் பம்ப்போடு வருவதற்குள் செவலை ஒரு கொட்டாவி விட்டுவிட்டுத் திரும்பிப் போய்ப் படுத்துக்கொண்டதாம்.

நீ ஏன் காணோம் என்று சொன்னாய் என்று அவள் கேட்கவில்லை. என்னைப் பார்த்தாள். பிறகு தரையைப் பார்த்தாள்.

"அன்னைக்கு பெல்ட் கழரலண்ணா. நான்தான் விட்டேன்."

சொல்லிவிட்டு நிமிர்ந்து என் முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்கிறாள். எனக்கு முன்பே தெரியும் என்று சொன்னால், இத்தனை நாள் அவள் மருந்து போடுவதை நான் எப்படிப் பார்த்துக்கொண்டிருந்தேன் என்பது அவளுக்குப் புரிந்துவிடும். தெரியாதது போல நடித்தால் அது என் இரண்டாவது பொய். இந்தத் தாள்களோ மேஜை மேல் விரித்தபடி கிடக்கின்றன. நான் எழுதும் எதையும் முதலில் வாசிப்பவள் அவள்தான்.

நான் சொன்ன பதிலை இங்கே எழுதியிருந்தேன். அடித்துவிட்டேன். அவள் இன்னும் நின்றுகொண்டிருக்கிறாள். அவளிடம் கொஞ்சம் நீங்கள் பேசுங்கள்.