எட்டாம் நாளோடு கழற்றிய கொடி

"கேட்டனியோ? என்னட்டை ஒரு வார்த்தை கேட்டனியோ?"

"எட்டாம் நாள் பூசை முடிஞ்சால் கழட்டிறது எண்டு எல்லாருக்கும்—"

"எல்லாரையும் இதுக்குள்ள இழுக்காதை. என்ர படலையில கட்டினதை—"

"உன்ர படலை எண்டபடியால்தான் முதல் கழட்டினனான். நாளைக்கு ஒருத்தரும் என்னைக் கைநீட்டிக் கதைக்கக்கூடாது எண்டு—"

"நீட்டிறவன் நீட்டட்டும். உன்ர சொந்த அண்ணன் போன வழியடி அது, பிரான்சிஸ்கா."

பிரான்சிஸ்கா கையில் போட்டிருந்த ரப்பர் கையுறையைக் கழற்றவும் மறந்துபோய் அன்ரோனெற்றின் படலைக்கு வெளியே நின்றாள். உள்ளே அன்ரோனெற், கறுத்தச் சீலையோடு, படலையை ஒரு கையால் பிடித்தபடி. இரண்டுபேரும் பள்ளிமுனைப் பள்ளிக்கூடத்தில் ஒரே வாங்கில் இருந்து படித்தவர்கள். பிறகு அன்ரோனெற் பிரான்சிஸ்காவின் அண்ணன் சிங்கராசாவைக் கட்டி மச்சாளாகவும் ஆனாள். ஐம்பது வருசச் சிநேகிதம். சிங்கராசா செத்து இன்றைக்கு ஒன்பதாம் நாள்.

மன்னாரில் ஒரு கத்தோலிக்க வீட்டில் சாவு விழுந்தால், வீட்டிலிருந்து கோயிலுக்கும் கோயிலிலிருந்து அடக்கம் செய்யும் சேமக்காலைக்கும் தெருவின் இரண்டு பக்கமும் கறுப்பும் வெள்ளையுமாய்ப் பொலித்தீன் கொடி கட்டுவார்கள். கட்டுவதற்கு ஊரே வரும். கழற்றுவதற்கு ஒரு குருவி வராது. சோழகக் காற்று அடித்துக் கிழித்து, பாதியைக் கடலுக்கும் பாதியைக் கழுதைகளுக்கும் கொடுத்துவிடும். நாலு வருசத்துக்கு முன்னர் பஸ் ஸ்ராண்டடியில் வயிறு ஊதிச் செத்த கழுதையொன்றை மிருக வைத்தியர் வெட்டிப் பார்த்தார். உள்ளே கறுப்பும் வெள்ளையும். அதைத் தன் கண்ணால் பார்த்த அன்றுதான், தபால் கந்தோரிலிருந்து ஓய்வு பெற்றிருந்த பிரான்சிஸ்கா ஒரு சாக்கை எடுத்துக்கொண்டு தெருவில் இறங்கினாள். ஏழு பேராய்த் தொடங்கினது இப்போது முப்பது பேர். சனிக்கிழமைகளில் கடற்கரையும் சந்தையும் கூட்டி அள்ளுவதால் நகரம் அவர்களைச் 'சனிக்கிழமைக்காரர்' என்றது. சாவீட்டுக் கொடிக்கு மட்டும் அவர்கள் கிழமை பார்ப்பதில்லை. எட்டாம் நாள் பூசை முடிந்த மறுநாள் காலை கழற்றுவார்கள். அந்த விதியைப் போட்டதே பிரான்சிஸ்காதான். அன்றைக்கு, "நல்ல வேலையடி" என்று சொன்னவள் அன்ரோனெற்.

"சாக்கைக் கொண்டு வா," என்றாள் அன்ரோனெற் இப்போது. "நானே திருப்பிக் கட்டுறன்."

"நகரசபை ட்ராக்டர் ஏத்திக்கொண்டு போட்டுது."

"போட்டுதோ." அன்ரோனெற்றின் குரல் இறங்கியது. "எட்வேட் முப்பத்தோராம் நாள் பூசைக்கு வாறான். நேற்று இரவுதான் சொன்னவன். உனக்கு எங்க தெரியப்போகுது."

எட்வேட் அவளுடைய ஒரே மகன், பிரான்சில் இருப்பவன். விசா அட்டையைப் புதுப்பிக்கக் கொடுத்திருந்ததால் தகப்பனின் அடக்கத்துக்கு வர முடியவில்லை. போனில்தான் பார்த்தான்.

"பெட்டி வீட்டால வெளிக்கிட்டு, சந்தி மட்டும் பாத்தவன். சந்தியோட சிக்னல் போட்டுது. 'அம்மா, அதுக்குப் பிறகு அப்பா எப்பிடிப் போனவர்' எண்டு அண்டையிலயிருந்து கேட்டுக்கொண்டிருக்கிறான். நான் சொன்னன், நீ வா ராசா, அப்பா போன வழி கொடியோட அப்பிடியே கிடக்கு, நீயும் நடந்து பார் எண்டு." அவள் படலையைச் சாத்தினாள். "அப்பிடியே கிடக்குதாம்."

*

"இதுக்கேன் மூக்கைச் சிந்திறாய்," என்றார் எமிலியானுஸ். பிரான்சிஸ்காவின் புருசன், முப்பது வருசம் பஸ் ஓட்டினவர். எந்தச் சிக்கலுக்கும் குறுக்கு றோட்டு ஒன்று வைத்திருப்பார். "கடையில பொலித்தீன் சுருள் கிடக்கு. வாங்கிக் கட்டிவிட்டால் விசயம் முடிஞ்சுது."

"நானோ? நானே வாங்கிக் கட்டவோ?"

"நீ கட்ட வேண்டாம். நான் கட்டுறன். நீ மற்றப் பக்கம் பாத்துக்கொண்டு நில்."

"இஞ்சேருங்கோ, விசர்க்கதை கதையாதேங்கோ. அந்தக் கழுதையின்ர வயித்தை நான் பாத்தனான்."

"பாத்தனிதான்." அவர் தேத்தண்ணியை ஒரு மிடறு குடித்தார். "கழுதையின்ர வயித்தைப் பாத்தாய். மச்சாளின்ர முகத்தைப் பாத்தனியோ?"

குத்தவேண்டுமென்று சொன்னவரில்லை. ஆனாலும் அது போய்க் குத்தின இடத்தில் குத்தியே கிடந்தது. கேட்டிருந்தால், எட்வேட் வருகிற கதையை அன்ரோனெற் சொல்லியிருப்பாள். அண்ணன் வீட்டில் தொடங்கினால் ஊர் வாயை அடைக்கலாம் என்ற அவசரத்தில், அண்ணன் வீட்டுக்கு ஒரு வாய் உண்டு என்பதை அவள் மறந்துபோனாள்.

*

சனிக்கிழமை கடற்கரை வேலை முடிந்து, சாக்குகளைக் கட்டி அடுக்கிவிட்டு எல்லோரும் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தபோது பிரான்சிஸ்கா சொன்னாள்: "அண்ணன்ர வழிக்கு முப்பத்தோராம் நாள் மட்டும் திரும்பக் கொடி கட்டவேணும்."

மாக்கிறட் போத்தலை மூடிவிட்டு நிமிர்ந்தாள். இரண்டு மாதத்துக்கு முன்னர் புருசனைப் பறிகொடுத்தவள்.

"என்ர மனுசன்ர கொடியை எட்டாம் நாளோட கழட்டினியள். நான் வாய் திறந்தனானோ? அண்ணன் எண்டவுடனை முப்பத்தொண்டோ?"

"நீ கேக்கிறது ஞாயம், மாக்கிறட். பொலித்தீன் இல்லை. துணியில கட்டுவம். கட்டிப்போட்டுத் தோய்ச்சு எடுத்து வைப்பம். அடுத்த சாவீட்டுக்கும் அதையே குடுப்பம், ஆரின்ர வீடாயிருந்தாலும். அது முப்பத்தொண்டு நாளும் கிடக்கட்டும். கழுதை தின்னாது."

"கழுதை துணியும் தின்னும் அக்கா, பசி வந்தால்," என்றாள் றஹீமா. சிலாவத்துறைப் பெண், மூர்வீதியில் தையல் கடை வைத்திருப்பவள். "எட்டாத உயரத்தில கட்டுங்கோ. எத்தினை வேணும்?"

"ரெண்டு பக்கமும் சேத்தால் அறுநூறு வரும்."

"அறுநூறு." றஹீமா தலையில் கை வைத்தாள். "எங்கட ஆக்கள் மவுத்தானால் மூண்டு துணியோட பேசாமல் போயிடுவினம். நீங்கள்தான் றோட்டுக்கும் உடுப்புப் போடுறியள். சரி, துணியைக் கொண்டு வாங்கோ, வெட்டி ஓரம் அடிக்கிறன். ஓரம் அடிக்காட்டில் நூல்நூலாப் பிரிஞ்சு அதுவும் குப்பைதான்."

வெள்ளைச் சாரம், பழைய படுக்கை விரிப்பு, பிள்ளைகள் வளர்ந்து கழித்த பள்ளிக்கூடச் சட்டை, கறுத்தக் குடைச்சீலை என்று அந்தக் கிழமை முழுக்கத் துணி வந்தது. மாக்கிறட் ஐந்தாம் நாள் வந்தாள். றஹீமாவின் மேசையில் ஒரு பொட்டலத்தைப் போட்டாள்.

"கொடியைத்தான் கொண்டுபோனியள். சட்டையையும் கொண்டுபோங்கோ."

பிரித்துப் பார்த்தால் ஆறு வெள்ளைச் சட்டை, இஸ்திரிக்கை போட்டு மடித்தபடி. அவள் போன பிறகுதான் றஹீமா கத்தரிக்கோலை எடுத்தாள்.

*

தைத்த கொடிகளில் ஒன்றை எடுத்துக்கொண்டு பிரான்சிஸ்கா அண்ணன் வீட்டுக்குப் போனாள். அன்ரோனெற் படலையைத் திறந்தாள், இருக்கக் கதிரை காட்டவில்லை.

"இதைக் கட்டுவம் எண்டு இருக்கிறம்."

அன்ரோனெற் கொடியை வாங்கிப் பார்த்தாள். ஓரத் தையலைத் தடவினாள். "வடிவாய்த்தான் இருக்கு. றஹீமாவோ?"

"ஓம்."

"இது அவர் போன கொடி இல்லையே, பிரான்சிஸ்கா."

"இல்லைத்தான்."

"எனக்குத் துணியைக் காட்டிச் சமாளிக்கலாம். அவனுக்கு என்னத்தைச் சொல்லுறது? இதுதான் அப்பா போன வழி எண்டு பொய்யோ சொல்லுறது? உயிரோட இருக்கேக்க அந்த மனுசனும் அவனும் ஒரு நாள் ஒருத்தருக்கொருத்தர் பொய் சொன்னதில்லை." கொடியை நாலாய் மடித்துத் திருப்பிக் கொடுத்தாள். "கொண்டு போ. அவன் வந்து வெறும் றோட்டைப் பாக்கட்டும். மாமி கழட்டிப்போட்டா எண்டு சொல்லுறன். அது உண்மைதானே."

வீட்டுக்கு வந்த பிரான்சிஸ்கா உள்ளே போகவில்லை. கோழிக்கூட்டடியில் கிடந்த கட்டையில் இருந்தாள். அறுநூறில் நானூறு தைத்தாயிற்று. முப்பத்தோராம் நாளுக்கு இன்னும் ஆறு நாள். கட்டவும் முடியாது, கட்டாமல் இருக்கவும் முடியாது. எதிரே எமிலியானுஸ் முந்தநாள் புதிதாய் வரிந்த கோழிக்கூடு. கீரிப்பிள்ளை புகாமல் பச்சை நூலால் இறுக்கிக் கட்டியிருந்தார்.

"இஞ்சேருங்கோ."

"என்ன?"

"இந்த நூல் ஏது?"

"கொட்டிலுக்குள்ள கொழுவிக் கிடந்தது. வலைநூல். நல்ல பலம்."

பிரான்சிஸ்கா எழும்பினாள். பொலித்தீனை ட்ராக்டருக்குக் கொடுப்பதற்கு முன்னர் நூலை உருவி எடுத்துச் சுற்றி வைப்பது சனிக்கிழமைக்காரரின் வழக்கம். நூல் குப்பையில்லை, திருப்பிப் பாவிக்கலாம். அண்ணன் கொடியைக் கழற்றிய அன்று காலையும் அப்படித்தான் உருவினார்கள். கை பழகின வேலை. செய்தது நினைவிலும் நிற்கவில்லை. கொட்டிலுக்குள் ஓடிப் பார்த்தாள். பதினெட்டு உருண்டை. பத்தொன்பதாவது கோழிக்கூட்டில்.

"கத்தியைக் கொண்டு வாங்கோ. இல்லை, கத்தி வேண்டாம். முடிச்சை அவிழுங்கோ."

"அடியே, முந்தநாள் முழுக்க முறிஞ்சு கட்டினனான்."

"அவிழுங்கோ எண்டு சொல்லுறன்."

"கீரி வந்தால்?"

"கீரிக்கு நான் மறுமொழி சொல்லுறன்."

எமிலியானுஸ் புறுபுறுத்தபடி குந்தியிருந்து ஒவ்வொரு முடிச்சாய் அவிழ்த்தார். அன்று இரவு கோழிகள் எல்லாம் குசினிக்குள் படுத்தன.

*

அடுத்த நாள் விடிய, பிரான்சிஸ்கா ஒரு பச்சை உருண்டையை அன்ரோனெற்றின் கையில் வைத்தாள். கடைசி மூன்று மாதம் கடலுக்குப் போக ஏலாமல் வீட்டில் கிடந்த சிங்கராசா, சும்மா இருக்க மாட்டாத கைக்கு வேலையாய், பழைய வலையிலிருந்து நூலைப் பிரித்துப் பிரித்துச் சுற்றிக்கொண்டிருந்தார். செத்த அன்று அவருடைய வள்ளக்காரப் பெடியள் அந்த நூலில்தான் கொடி கட்டினார்கள். அறுந்த இடங்களில் அவர் போட்ட சின்ன முடிச்சுகள் இன்னும் இருந்தன. அன்ரோனெற் ஒரு முடிச்சைப் பெருவிரலால் உருட்டிப் பார்த்தாள். பிறகு இன்னொன்றை.

"இந்த மனுசன் முடிச்சுப் போட்டால் பேயும் அவிழ்க்காது," என்றாள். சிரிக்கத் தொடங்கினவள் சீலைத் தலைப்பை வாயில் வைத்தாள்.

"கதிரையைக் காட்டனடி. கால் உளையுது," என்றாள் பிரான்சிஸ்கா.

"கண் தெரியாதோ உனக்கு? இழுத்துப்போட்டு இரு." அன்ரோனெற் உள்ளே போனாள். சாவுக்குப் பிறகு திறக்காத அலுமாரியின் கதவு கிறீச்சிட்டது. நாலு வெள்ளைச் சாரத்தோடு திரும்பி வந்தாள். "எத்தினை குறையுது?"

"இருநூறு மட்டில."

"இது காணாது. திருநாளுக்கு உடுக்கிற வேட்டியும் கிடக்கு. பொறு."

*

முப்பதாம் நாள் பின்னேரம் வான் சந்திக்கு வந்தது. எட்வேட் வானை அங்கேயே நிற்பாட்டச் சொல்லி இறங்கினான். தலை நரைக்கத் தொடங்கியிருந்தது. தாயைக் கட்டிப்பிடித்து அழுது முடிந்து, முகத்தைத் துடைத்து, நிமிர்ந்து கொடிகளைப் பார்த்தான். காற்றில் அவை பொலித்தீனைப்போலச் சலசலக்கவில்லை, மெல்லப் புரண்டன.

"அம்மா, போனில பாக்கேக்க மினுங்கினது. இது துணியெல்லோ."

பிரான்சிஸ்கா வாயெடுத்தாள். அன்ரோனெற் முந்திக்கொண்டாள்.

"கொடி வேறை, ராசா. நூல் அதுதான். அப்பா கையால சுத்தின நூல்."

அவன் கையை உயர்த்தி நூலைப் பிடித்தான்.

"முதல் கொடியைக் கழட்டினது ஆர்?"

"மாமி."

"இதைக் கட்டினது?"

"அதுவும் மாமிதான்."

எட்வேட் பிரான்சிஸ்காவைத் திரும்பிப் பார்த்தான். "பென்சன் எடுத்தாப் பிறகு மாமிக்கு வேலை கூடிப்போச்சுப் போல."

சந்தியிலிருந்து கோயிலுக்கும், கோயிலிலிருந்து சேமக்காலைக்கும் நடந்தான். எட்டின இடமெல்லாம் கையை உயர்த்தி நூலைத் தடவியபடி போனான். முடிச்சு வந்த இடத்தில் நின்று, பிறகு நடந்தான். இரண்டு பெண்களும் பத்தடி பின்னால் போனார்கள்.

முப்பத்தோராம் நாள் பூசை முடிந்த மறுநாள் காலை, பிரான்சிஸ்கா ஏணியோடு வரும்போது அன்ரோனெற் தன் படலைக் கொடிகளை ஏற்கெனவே கழற்றித் தோளில் போட்டிருந்தாள்.

"நீ ஏன் கழட்டினாய்? நாங்கள் செய்வம்தானே."

"கேட்டுக் கழட்டவேணும் எண்டுதானே சொன்னனான். என்னட்டை நானே கேட்டனான்."

மத்தியானம் இரண்டுபேரும் தோய்த்துக் காயவைத்து, பிரான்சிஸ்காவின் மண்டபத்துப் பாயில் இருந்து மடித்தார்கள். தோட்டவெளியில் ஒரு சாவீடாம், பின்னேரம் வந்து எடுப்பினமாம் என்று எமிலியானுஸ் வாசலில் நின்று சொல்லிவிட்டு, வேறு நூல் தேடிக் கோழிக்கூட்டுக்குப் போனார். மாக்கிறட்டின் புருசனுடைய சட்டைக் கைத்துணி ஒரு கொடியாய் வந்தது. சிங்கராசாவின் வேட்டிக் கரை இன்னொரு கொடியாய் வந்தது. அன்ரோனெற் இரண்டையும் ஒன்றின்மேல் ஒன்றாய் வைத்து அழுத்தினாள். கடைசி உருண்டை நூலைச் சுற்றி முடித்து, மச்சாளின் மடியில் வைத்தாள்.

"எனக்குக் கட்டினால், பிரான்சிஸ்கா, எத்தினையாம் நாள் கழட்டுவாய்?"