கீழ்த்திருகு

மருந்துக் கிடங்கில் பகல் முழுக்க நின்றபடி பெட்டி கட்டுகிறவளுக்கு, உட்கார்ந்து செய்கிற வேலை என்றாலே பாதி சொர்க்கம். கடைத்தெருவில் இருந்த ஆயத்த ஆடைக்கடையின் பின்னறையில், மின்விசிறிக்கு நேர்கீழே, ஒரு தையல் நாற்காலி காலியாகியிருக்கிறது என்று தெரிந்த நாளிலிருந்து அவளுக்குக் கால்வலி இரட்டிப்பானது. அதுவரை வலி வெறும் வலியாக இருந்தது. இப்போது அதற்கு ஒரு மாற்று இருப்பது தெரிந்துவிட்டது.

கடைக்கார அம்மா அதிகம் பேசுகிறவள் அல்ல. மெல்லிய துணியில் ஒரு தலையணை உறை தைத்துக் கொண்டு வா, தையலைப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்றாள். அவ்வளவுதான்.

மாலைத் தையல் வகுப்பில் அவள் தைப்பது ஒழுங்காகத்தான் இருந்தது. வீட்டிலும் சொந்தமாக மெஷின் உண்டு. கிடங்குச் சம்பளத்தில் வாங்கியது. அவளுக்கும் கணவனுக்குமான அறையில் கட்டிலைப் போட்டபின் மிச்சம் இருந்தது கதவு திறக்கும் இடம் மட்டும்தான், அதனால் மெஷின் கூடத்து ஜன்னலோரம் நின்றது. கூடத்தில் நிற்பது குடும்பத்துக்கே பொது. பகலில் வீட்டில் இருக்கிற ஓரகத்தி பிள்ளைகளின் கிழிந்த சட்டைகளை அதில் தைத்துக்கொள்வாள். அக்கா தாராளமா தைங்க, தடியான மொத்த நூல் மட்டும் போடாதீங்க என்று இவள் முதல் நாளே கணவனை வைத்துக்கொண்டே சொல்லியிருந்தாள்.

முதல் உறையிலேயே வம்பு ஆரம்பித்தது. துணியின் மேல்பக்கத்தில், அடியில் பாபினிலிருந்து வரும் கீழ்நூல் கடுகு கடுகாக எட்டிப் பார்த்தது. அவள் எதையும் வரிசைப்படி செய்கிறவள். ஊசியை மாற்றினாள். துணியை அழுத்தும் பாதத்தைத் தூக்கி வைத்து மேல்நூலை மறுபடி கோத்தாள். பஞ்சு தூசியைப் பிரஷ்ஷால் தட்டினாள். கடுகு அப்படியே இருந்தது. வேறு வழியில்லாமல் அதையே கொண்டுபோய்க் காட்டினாள். கடைக்கார அம்மா விரலால் தடவிப் பார்த்து, சரி செய்து இன்னொன்று கொண்டு வா என்றாள்.

வகுப்பில் சொல்லிக் கொடுத்தது அவளுக்கு மனப்பாடம். கீழ்நூல் மேலே வந்தால் மேல் டென்ஷனை, அதாவது மேல்நூலின் இறுக்கத்தை, தளர்த்த வேண்டும். மேல்நூல் கீழே தொங்கினால் அதையே இறுக்க வேண்டும். பாபினை உள்ளே வைக்கிற பாபின் கேஸின் பக்கவாட்டில் இருக்கிற, கீழ்நூலை இறுக்கும் குட்டித் திருகில் மட்டும் யாரும் கை வைக்கக் கூடாது, அது மெஷின் செய்தவர்கள் வைத்த அளவு. சொன்னால் சொன்னபடி நடக்கிற மாணவி என்பதால் அந்தத் திருகின் பக்கம் அவள் கண்கூடப் போகவில்லை. மேல் டென்ஷனைத் தளர்த்திக்கொண்டே போனாள். வகுப்பு மெஷினில் நான்காம் எண்ணில் நிற்பதை வீட்டில் ஒன்றுவரை இறக்க வேண்டியிருந்தது. அப்படியும் ஒரு நாள் வந்த தையல் மறுநாள் வரவில்லை.

மெஷினைச் சந்தேகிக்க அவளுக்கு மனம் வரவில்லை. சந்தேகப்படுவதற்குத்தான் தன் கைகள் இரண்டும் எப்போதும் தயாராக இருந்தனவே. ஒரு மாலை பிரித்துப் பிரித்துத் தைத்ததில் துணியே நைந்துபோய், அவள் மெஷின்மேல் தலையைக் கவிழ்த்து அழுதாள். சோற்றுத்தட்டுகளை எடுத்துவந்த ஓரகத்தி ஒரு நிமிடம் நின்று பார்த்தாள்.

"எனக்கு நல்லாத்தானே ஓடுது? கைவாகுன்னு ஒண்ணு இருக்கு தங்கச்சி. அதெல்லாம் கிளாசுல சேர்ந்தா வராது."

கணவன் அப்படியெல்லாம் குத்திப் பேசுகிறவன் இல்லை. பக்கத்தில் உட்கார்ந்து அவள் முதுகைத் தடவிக் கொடுத்தான்.

"கிளாசுல பக்கத்துல ஆள் நிக்குது, அந்த தைரியத்துல வருது. இங்க அவசரப்படறே. உன் கை லேசா நடுங்குது, நானே பாத்தேன். பொறுமையா தச்சா வரும்."

அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டு இரண்டாவது உறையைத் தைத்தாள். கடுகு இல்லை. மேலும் கீழும் ஒரே மாதிரி. பார்த்துப் பார்த்து மடித்து எடுத்துப் போனாள். கடைக்கார அம்மா தடவிப் பார்த்துத் தலையாட்டினாள். பிறகு தையலின் இரண்டு பக்கமும் பிடித்து ஒரு இழு இழுத்தாள். தையல் பல்லை இளித்தது. இடைவெளியில் நூல் ஏணிப்படி மாதிரி தெரிந்தது.

"மேலயும் தளர்வு, கீழயும் தளர்வு. பார்த்தா சமமாத்தான் தெரியும். ஒரு தடவை துவைச்சா பிரிஞ்சிடும்மா. நாளன்னிக்குக் காலையில இன்னொண்ணு கொண்டு வா. அதோட சரி, நான் ஆளைப் போட்டாகணும்."

'கீழயும் தளர்வு' என்றது அவளை வீடுவரை துரத்தியது. வந்ததும் பாபின் கேஸைக் கழற்றினாள். நூலைப் பிடித்துத் தொங்கவிட்டு லேசாக ஆட்டினால் கேஸ் கொஞ்சம் இறங்கி நிற்க வேண்டும். அது நிற்கவே இல்லை, கிணற்றுவாளி போல விறுவிறுவென்று தரைக்குப் போனது. குனிந்து பார்த்தால், அது இருந்த குழியில் நீலநிறத்தில் தடித்த நூலின் பிசிறு. அவளிடம் நீல நூலே கிடையாது.

முதல்முறையாக விதியை மீறினாள். கத்திமுனையால் திருகை முடுக்கினாள். கத்தி வழுக்கி, திருகின் தலையில் ஒரு கீறல் விழுந்தது. கேஸ் இப்போது இறங்கி நின்றது. திருகின் தலைக்கும் கேஸுக்கும் குறுக்கே நகச்சாயத்தில் ஒரு சிவப்புக் கோடு போட்டு வைத்தாள். யாரிடமும் எதுவும் சொல்லவில்லை. தன்மேலேயே இருந்த சந்தேகத்துக்கு அது ஒரு சோதனை. நாளை கோடு கோடாகவே இருந்தால் கோளாறு தன் கையில்தான் என்று ஒத்துக்கொண்டுவிடலாம்.

மறுநாள் மாலை கோடு இரண்டாக வெட்டுப்பட்டிருந்தது. ஒரு பாதி கேஸில், ஒரு பாதி திருகோடு சுற்றிப்போய் வேறு திசையில்.

ஓரகத்தியை நினைத்துத்தான் முதலில் பொங்கியது. ஆனால் திருகின் தலையில் அவள் போட்ட கீறலைத் தவிர வேறு கீறல் இல்லை. இவ்வளவு சுத்தமாகத் திருக, பல்குச்சி கனத்தில் திருப்புளி வேண்டும். அந்த வீட்டில் அது ஒருவன் சட்டைப்பையில்தான் இருந்தது. அவன் கைபேசி பழுது பார்க்கிறவன். மதியச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்து போகிறவன்.

அறைக்குள் போய்க் கேஸைக் கணவனின் உள்ளங்கையில் வைத்தாள். அவன் சிவப்புக் கோட்டைப் பார்த்தான். மறைக்கத் தெரியாத முகம் அவனுக்கு.

"அண்ணி பை தச்சுக் கொடுக்கறாங்க, பக்கத்துத் தெருவுக்கு. மொத்த நூல் அதுல போகலைன்னாங்க, தளர்த்திக் கொடுத்தேன். அவங்களுக்கு இந்தத் திருகைப் பத்தியே தெரியாது. நீ வர்றதுக்குள்ள பழையபடி வச்சிடலாம்னுதான்... சில நாள் மறந்துடும்."

"நான் அழுதுட்டிருந்தப்பவும் மறந்துடுச்சா?"

அவன் கதவை ஒருமுறை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினான்.

"சொன்னா நீ போய்க் கேட்டிருப்பே. அவங்க அண்ணன்கிட்ட சொல்லுவாங்க. வீட்ல நிம்மதி போயிடும்."

"என் கை நடுங்குதுன்னு சொன்னீங்களே."

அவன் கேஸைக் கட்டில்மேல் வைத்தான். அவள் கையை நீட்டித் திருப்புளியைக் கேட்டு வாங்கினாள்.

திருகை முடுக்கினாள், மேல் டென்ஷனை நான்குக்கு ஏற்றினாள், உறையைத் தைத்தாள். ஒரே ஓட்டம். இழுத்துப் பார்த்தாள். இழுத்த இழுப்புக்குத் துணிதான் முனகியது, தையல் அசையவில்லை. ஊசிபோல நேராக ஓடிய அந்தத் தையலைப் பார்த்து அவளுக்குச் சந்தோஷமே வரவில்லை. இத்தனை நாளும் இது அவள் கையிலேயே இருந்திருக்கிறது.

காலையில் கடைக்கார அம்மா தடவினாள், இழுத்தாள், வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தாள். இளக்காரமாக ஒன்றும் சொல்லவில்லை. தனக்குப் பட்டதைச் சொன்னாள்.

"இது நல்ல தையல்தான். ஆனா ரெண்டு நாள்ல ஒரு கை இப்படி மாறாதும்மா. வீட்ல நல்லா தைக்கிற ஆள் யாரோ இருக்காங்க போல. அவங்களை வரச் சொல்லு, நாற்காலியைக் கொடுத்துடறேன்."

நான்தான் தைத்தேன், வேண்டுமானால் இங்கேயே உட்கார்ந்து தைத்துக் காட்டுகிறேன் என்று அவள் சொன்னாள். சொல்லும்போது கை நடுங்கியது. கடைக்கார அம்மா அந்தக் கையைப் பார்த்துவிட்டு, உறையை மடித்துத் திருப்பிக் கொடுத்தாள்.

கிடங்குக்குப் போகும் வழியில் வீட்டுக்குள் நுழைந்தாள். ஓரகத்தி குளித்துக்கொண்டிருந்தாள். மெஷினிலிருந்து பாபின் கேஸைக் கழற்றிக் கைப்பையில் போட்டுக்கொண்டு கிளம்பினாள். அன்றும் சாயங்காலம்வரை நின்றபடியே பெட்டி கட்டினாள்.

இரவுச் சாப்பாட்டுக்கு எல்லோரும் உட்கார்ந்தபோது ஓரகத்தி பொதுவாகக் கேட்டாள், மெஷினில் அந்த உருண்டைச் சாமானைக் காணோமே, பை அரைகுறையா நிக்குது, யாராவது பாத்தீங்களா என்று. கொழுந்தனைத்தான் பார்த்தாள். அவன் மனைவியைப் பார்த்தான். எல்லாம் தெரிந்த பார்வை, கெஞ்சுகிற பார்வை.

அவள் தட்டில் சோற்றை வைத்துக்கொண்டாள்.

"பொறுமையா தேடினா கிடைக்கும்க்கா," என்றாள்.