‘மாட்டேன்’ பட்டன்

"மூணாவது பத்தியத் தூக்கிட்டேன் மாப்ள," என்றார் ராஜமணி மாமா, டி.வி.க்குப் பின்னால் தலையை விட்டு ப்ளக்கைத் தேடிக்கொண்டே.

ஹாலில் உருப்படியான சாக்கெட் அது ஒன்றுதான். இதுவரை அதில் அம்மாவின் வீடியோ கேம் பெட்டி மாட்டியிருந்தது. மாமா அதைப் பிடுங்கிவிட்டு ஃப்ரீசர் பெட்டியின் வயரைச் செருகினார். ஃப்ரீசர் உறுமியது. உள்ளே அம்மா கிருபாவதி, கல்யாண வீடுகளுக்கு மட்டும் கட்டுகிற பட்டுச்சேலையில், மூக்கில் பஞ்சு வைத்ததை ஆட்சேபிக்கிற முகத்தோடு படுத்திருந்தாள்.

அஜய்குமார் கையில் இருந்த தாளைப் பார்த்தான். ஜீவிய சரித்திரம். சபையில் யார் இறந்தாலும் அடக்க ஆராதனையில் வீட்டு ஆள் ஒருவர் அதை வாசித்தாக வேண்டும். தேனி பஜாரில் அச்சகம் வைத்திருக்கிற அம்மாவின் அண்ணன் ராஜமணி மாமாதான் எல்லோருக்கும் அடித்துத் தருவார். அவருடைய கம்ப்யூட்டரில் ஒரு சரித்திரம் இருக்கிறது. பேரை மாற்றினால் அடுத்தவரின் சரித்திரம் தயார். அதனால் சபையில் இறந்தவர்கள் அத்தனை பேரும் விடிகாலையில் எழுந்து ஜெபித்தவர்கள், விருந்தினரை உபசரித்தவர்கள், யாரையும் ஒரு கடுஞ்சொல் சொல்லாதவர்கள். உயிரோடு இருப்பவர்கள்தான் கொஞ்சம் மோசம்.

இந்த முறை அவசரத்தில், போன மாதம் இறந்த ஒரு டீச்சரின் பணிக்காலம் முழுசாக அம்மாவுக்கு வந்து சேர்ந்திருந்தது.

"மாமா, அம்மா எந்தப் பள்ளிக்கூடத்துல டீச்சரா இருந்தாக?"

மாமா எழுந்து வந்து எட்டிப் பார்த்தார். "அடச்சே." கொஞ்சம் யோசித்தார். "இருந்துட்டுப் போகட்டும்டா. மரியாதையாத்தான இருக்கு."

அம்மா டீச்சராக இருந்ததில்லை. அப்பாவின் பெயிண்ட் கடையில் கல்லாவில் உட்கார்ந்திருந்தாள். கிட்னி கைவிட்ட பிறகு அதுவும் போயிற்று. ஒரு நாள் விட்டு ஒரு நாள் டயாலிசிஸ். மிச்ச நாளில் சுவரைப் பார்த்துக்கொண்டிருக்கப் பிடிக்காமல், அஜய் ஹாஸ்டலுக்குப் போகும்போது விட்டுப்போன கேம் பெட்டியை அவளாகவே ஆன் செய்தாள். சுடுகிற விளையாட்டுகள் அவளுக்கு ஆகவில்லை. "ஆளு பேரே தெரியல, அதுக்குள்ள சுடச் சொல்றான்," என்று போனில் புகார் சொன்னாள். கதையுள்ள விளையாட்டுகளாகத் தேடிப் பிடித்தாள். ஒன்றை முடித்ததும் டயாலிசிஸ் படுக்கையில் சாய்ந்தபடி போனில் தன் கருத்தைப் பேசி, ‘கிருபா கருத்து’ என்று ஒரு சேனல் ஆரம்பித்து அதில் போட்டாள். பின்னால் மெஷின் பீப் பீப் என்று அடித்துக்கொண்டே இருக்கும். பின்னணி இசை அருமை என்று ஒருவர் எழுதியிருந்தார்.

இதைத்தான் அஜய் மூன்றாவது பத்தியில் எழுதிக் கொடுத்திருந்தான். அது இருந்த இடத்தில் இப்போது வேறொன்று இருந்தது: ‘தம்மைப் பெற்ற தகப்பனாரை அவரது இறுதிக் காலத்தில் மனதார மன்னித்து, அருகிருந்து அன்போடு பராமரித்தார்.’

"இது யாரு தகப்பனாரு? டீச்சரோட தகப்பனாரா?"

"ஏலே." மாமாவின் குரல் இறங்கியது. "எங்க அப்பாதான்."

அந்தத் தாத்தாவை அஜய் ஒரே ஒரு முறை, இதேபோல ஃப்ரீசர் பெட்டிக்குள்தான் பார்த்திருக்கிறான். ஏலக்காய்த் தோட்டத்துக்குக் கங்காணியாகக் குமுளிக்கு மேலே போனவர், அங்கேயே இன்னொரு குடும்பம் வைத்துக்கொண்டு இருந்துவிட்டார். பெண்டாட்டி சாகக் கிடந்தபோது ஆள் விட்டுச் சொல்லியும் இறங்கி வரவில்லை. மாமாவும் அம்மாவும் அப்போது பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தார்கள். வயதாகிப் படுத்த பிறகு அங்கே இருந்தவர்கள் அவரை ஜீப்பில் ஏற்றித் தேனிக்கு அனுப்பினார்கள். மாமா வாங்கித் தன் வீட்டில் வைத்துக்கொண்டார்.

"அம்மா பாத்துக்கிட்டாகளா அவர?"

"செத்தவளுக்கு நல்ல பேரு வேணாமாடா? அந்த வெளிச்சவீட்டுக் கண்றாவிய ஊரே கேட்டுருக்கு."

"ஊரு இல்ல மாமா. நாலாயிரம் பேருதான்."

மாமா, நாற்காலிகள் வந்துவிட்டனவா என்று பார்க்கப் போனார்.

வெளிச்சவீட்டுக் கண்றாவி என்பது அம்மா கடைசியாக விளையாடியது. தாயைச் சாக விட்டுவிட்டு ஓடிப்போன அப்பனைத் தேடி ஒருவன் படகில் போகிறான். புயல், பாறை, பசி. கடைசியில் ஒரு தீவில், கப்பலுக்கு வழிகாட்டுகிற வெளிச்சவீட்டில், அப்பன் காவலாளியாக இருக்கிறான், நோயோடு. பையன் படியேறி நிற்கிறான். திரையில் ஒரே ஒரு பட்டன் வருகிறது: மன்னித்துவிடு. அமுக்கினால்தான் முடிவு. அம்மா கண்ட்ரோலரைக் கீழே வைத்துவிட்டு ரசம் வைக்கப் போய்விட்டாள். திரும்பி வந்தபோது பையன் படியில் உட்கார்ந்து கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தான். மறுநாள் அவள் பேசியது சபை முழுக்கச் சுற்றியது.

"இம்புட்டுச் செலவு பண்ணிக் கடல் பண்ணிருக்கான், மழை பண்ணிருக்கான். ‘மன்னிக்கிறேன்’னு ஒரு பட்டன் வெச்சிருக்கான். ‘மாட்டேன்’னு ஒரு பட்டன் வெக்க இவனுக்குக் கை வரல. எங்க சபைக் கமிட்டில கை தூக்கச் சொல்றாகள்ல, அது மாதிரி இருக்கு. நான் அமுக்க மாட்டேன். அந்தப் பய படியிலயே உக்காந்திருக்கட்டும். நானும் உக்காந்திருக்கேன்."

கமிட்டிச் செயலாளர் ராஜமணி. அதற்குப் பிறகு அவர் தங்கச்சி வீட்டுக்கு வரவில்லை. இன்றைக்குத்தான் வந்திருக்கிறார்.

அப்பா வாசலில் நின்று வருகிறவர்களுக்குக் கை கொடுத்துக்கொண்டிருந்தார். காலையிலிருந்து அவர் பேசியது, "வாங்க," "உக்காருங்க," இரண்டும்தான். அஜய் அவரை வேப்பமரத்துப் பக்கம் தள்ளிக்கொண்டு போனான்.

"அப்பா, தாத்தா படுத்திருந்தப்ப அம்மா போயிப் பாத்தாகளா?"

அப்பா தெருவைப் பார்த்தார். "வாசல் வரைக்கும் போனா."

"அப்புறம்?"

"செருப்பக் கழட்டல."

இன்னொருவர் வந்தார். "வாங்க," என்று கை கொடுத்தார்.

மதியம் ஒரு ஜீப் வந்து நின்றது. கூடலூரிலிருந்து தோட்டத்துக்கு ஆள் ஏற்றிப் போகிற ஜீப். ஓட்டி வந்தவனும் ஒரு பெண்ணும் இறங்கினார்கள். இரண்டு பேரும் சேர்ந்து ஒரு ரோஜா மாலையைப் பிடித்திருந்தார்கள். நாற்காலியிலிருந்த பெரியப்பா ஒருவர் முறைப்படி விசாரித்தார்.

"நீங்க யாரு வகைல?"

"கமெண்ட் வகைல," என்றான் ஜீப்காரன்.

பெரியப்பா அப்படி ஒரு வகையறாவைத் தன் ஞாபகத்தில் தேடினார். கிடைக்கவில்லை. இருந்தாலும், "உள்ள போங்க," என்றார்.

அவன் பெயர் வீரணன். அம்மா போட்ட ஒவ்வொரு பேச்சுக்கும் கீழே ‘அக்கா, நீங்க சொல்றது தப்பு’ என்று எழுதுகிறவன். அடுத்த பேச்சில் அம்மா, ‘கூடலூர்த் தம்பிக்கு மண்டைல ஒண்ணும் ஏறல’ என்று தொடங்குவாள். அந்தப் பெண் திரிஷா, கோம்பையில் நர்சிங் படிக்கிறவள். பீப் சத்தம் இசை இல்லை, டயாலிசிஸ் மெஷின் என்று முதலில் கண்டுபிடித்துத் தனியாகக் கேட்டவள் அவள்தான். விடிந்ததும் சேனலில் அஜய் போட்ட ஒரு வரியைப் பார்த்துவிட்டு வந்திருக்கிறார்கள்.

வீரணன் ஃப்ரீசர் கண்ணாடி மேல் மாலையை வைத்தான்.

"கடைசிவரைக்கும் அமுக்கலயா அக்கா?" என்று அஜய்யிடம் மெதுவாகக் கேட்டான்.

"அமுக்கல."

"பிடிவாதம்," என்றான், கண்ணைத் துடைத்துக்கொண்டே. "தப்பு. நான் இப்பவும் சொல்றேன், தப்பு."

காலையிலிருந்து அம்மாவைப் பற்றி ‘தங்கமான மனுசி’ என்று மட்டுமே கேட்டுக்கொண்டிருந்த அஜய்க்கு, அந்த வீட்டில் யாரோ அவளைத் தெரிந்தவர் வந்துவிட்டதுபோல இருந்தது.

கோயில் நிறைந்திருந்தது. பெண்கள் ஐக்கிய சங்கம் வெள்ளைச் சேலையில் முன்வரிசை. பாட்டு, ஜெபம், வேதவாசிப்பு எல்லாம் ஆயிற்று. ஆயர் கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு, "இப்போது ஜீவிய சரித்திரம்," என்றார்.

மைக் முன்னால் அஜய் தாளை விரித்தான். ஜனங்கள் கையிலும் அதே தாள். பிறப்பு, ஞானஸ்நானம், திடப்படுத்தல், திருமணம் எல்லாவற்றையும் ஒரு எழுத்து மாற்றாமல் வாசித்தான். ஆசிரியப் பணிக்கு வந்ததும் நிறுத்தினான்.

"இது எங்க அம்மா இல்ல. அவுக பெயிண்ட் கடைல இருந்தாக."

மூன்றாவது வரிசையில் அந்த டீச்சரின் கணவர் தாளை மூக்குக்கு அருகே கொண்டுபோனார். தன் மனைவியை அங்கே கண்டுபிடித்துவிட்டார் போலிருந்தது.

"அடுத்து, தகப்பனார மன்னிச்சு, பக்கத்துல இருந்து பாத்துக்கிட்டாகன்னு போட்டிருக்கு. அதுவும் நடக்கல. வாசல் வரைக்கும் போனாக. செருப்பக் கழட்டல. திரும்பி வந்துட்டாக. அதுக்காக அவுக வருத்தப்பட்டு யாரும் பாத்ததில்ல."

ஓரத்திலிருந்து ராஜமணி மாமா, கீபோர்டு வாசிப்பவரைப் பார்த்து விரலைச் சுழற்றினார். பாட்டு எழுந்தது. சபையில் எந்தச் சங்கடத்துக்கும் அதுதான் வைத்தியம். கமிட்டிக் கூட்டத்தில் சண்டை முற்றினாலும் இப்படித்தான் ஒரு பாட்டைக் கிளப்பிவிடுவார்கள். பாதியில் விடமுடியாது, பாடி முடிப்பதற்குள் கோபம் ஆறிவிடும்.

அஜய் தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்தான். மைக்கை வாய்க்கு இன்னும் கிட்டே இழுத்தான்.

"அவுக கதை விளையாட்டு விளையாண்டாக," என்றான் பாட்டுக்கு மேலே. "விளையாண்டுட்டு என்ன தோணுச்சோ அதச் சொன்னாக. கேட்டவங்க சண்டைக்கு வந்தாக. இவுகளும் விடல."

சங்கம் பாடியது. அவன் இன்னும் சத்தமாக வெளிச்சவீட்டுக் கதையைச் சொன்னான். படகு புயலில் மாட்டியபோது பாட்டு ஒரு பக்கம் தொய்ந்தது. தீவு வந்தபோது முன்வரிசையில் வாய்கள் மட்டும் அசைந்தன. பையன் படியேறியபோது பாடிக்கொண்டிருந்தது கீபோர்டு மட்டும்தான். அதுவும் ஒரு சரணத்தோடு நின்றது.

நின்ற அமைதியில், அம்மா சொன்னதை அவள் சொன்னபடியே சொன்னான். கமிட்டியையும் விடவில்லை. பின்வரிசையில் யாரோ சிரித்து, அதை இருமலாக மாற்றினார்கள்.

"அவ்வளவுதான்," என்றான். "இதுதான் எங்க அம்மா."

ஆயர் எழுந்தார். "ஜெபிப்போம்," என்றார். ஜெபத்தில் வெளிச்சவீடு வரவில்லை. ஆசிரியப் பணியும் வரவில்லை.

கல்லறைத் தோட்டத்துக்குப் போகும் வழியெல்லாம் மாமா பெட்டியின் மறுபக்கத்தைப் பிடித்துக்கொண்டு நேராகப் பார்த்து நடந்தார். மேற்கே மலை மேல் மேகம் இறங்கிக் கறுத்திருந்தது.

பெட்டி குழிக்குள் இறங்கியது. அப்பா ஒரு பிடி மண் போட்டார். அஜய் போட்டான். மாமா குனிந்து ஒரு பிடி அள்ளி நிமிர்ந்தார். போடவில்லை.

"மாப்ள."

"ம்."

"அந்தப் பய அம்புட்டுத் தூரம் படகு தள்ளிக்கிட்டுப் போனாம்ல. மன்னிக்கிற எண்ணம் இல்லாமலா போனான்?"

அஜய் அவரைத் திரும்பிப் பார்த்தான். "ஏன் இப்பிடிப் பண்ணுனன்னு கேக்கப் போனான் மாமா."

"கேட்டானா?"

"கேக்கறதுக்குப் பட்டன் இல்ல."

"அப்ப அது கேம் பண்ணுனவன் தப்பு."

"அதத்தான் அம்மாவும் சொன்னாக."

"அவ அப்பிடிச் சொல்லல. அவன் படியிலயே உக்காந்திருக்கட்டும்னு சொன்னா. அது தப்பு. கேட்டியா? அந்தக் கிழவனுக்குல்ல ஒரு பட்டன் வெச்சிருக்கணும். அவன் வாயத் தொறந்து ஒரு வார்த்த சொல்லிருந்தா..."

"இதத்தாண்ணே நான் அக்காகிட்டத் தலையால அடிச்சுக்கிட்டேன்," என்றான் பின்னாலிருந்து வீரணன்.

"நீ சும்மா இரு," என்றார்கள் இருவரும்.

மாமாவுக்குப் பின்னால் வரிசை நீண்டிருந்தது. ஆளாளுக்குக் கையில் மண். டீச்சரின் கணவரும் நின்றார்.

"அவரு சொல்லிருந்தா மட்டும் அமுக்கிருப்பாகளா?" என்றான் அஜய்.

"எங்கிட்ட மட்டும் சொன்னாராக்கும்?"

சொல்லிவிட்டு மாமா குழியைப் பார்த்தார். அஜய்யும் பார்த்தான்.

குழி வெட்டிவிட்டு மண்வெட்டியை ஊன்றி நின்ற ஒச்சாண்டி வானத்தை அண்ணாந்து பார்த்தார். "சார், போடுறதுன்னாப் போடுங்க. மழ வந்துரும்."

"பொறுப்பா," என்றார் மாமா. "பேசிக்கிட்டிருக்கம்ல."

மூடிய கையிலிருந்து செம்மண் கொஞ்சம் கொஞ்சமாக அவருடைய ஷூவின் மேலேயே உதிர்ந்துகொண்டிருந்தது.